வலி ஊசியை எத்தனை நாள் போடலாம்?

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் குனிந்து நிமிர்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்து ஊர் மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோபெனாக் ஊசி போட்டதும் அரை மணி நேரத்தில் நடந்துவிட்டார். அதிலிருந்து நாலு நாளாகத் தினமும் ஒன்று போட்டுக்கொள்கிறார். “மாத்திரைதான் வயிற்றைப் புண்ணாக்கும், ஊசிக்கு அது கிடையாது” என்கிறார். சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். தொடரலாமா?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். காரணத்தை அப்புறம் படித்துக் காட்டலாம்.

அப்பா சொல்வது ஊரெல்லாம் சொல்வதுதான், ஆனால் தப்பு. வலியையும் வீக்கத்தையும் கிளப்புகிற புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடம்பு தயாரிக்க விடாமல் தடுப்பதுதான் இந்த மருந்தின் வேலை. அதே புரோஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உள்சுவரை அமிலம் அரிக்காமல் காப்பாற்றிக்கொண்டும் இருக்கிறது. ரத்தத்தில் கலந்த மருந்து இரண்டு இடத்திலும் அதைத் தடுக்கும், வாய் வழியாகப் போனதா இடுப்பு வழியாகப் போனதா என்று பார்க்காது. அதனால் ஊசியிலும் அல்சர் வரும், ரத்தக் கசிவும் வரும்.

உங்கள் அப்பா விஷயத்தில் வயிற்றைவிட எனக்குக் கிட்னிதான் கவலை. கிட்னிக்குள் ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதிலும் அந்தப் பொருளுக்குப் பங்கு உண்டு. வயதும் ஆகி, சுகரும் இருந்து, வெயிலில் நின்று சரியாகத் தண்ணீரும் குடிக்காதவருக்கு அதைத் தடுத்தால் கிட்னி தடுமாறும். பிரஷர் மாத்திரை எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் வகையாக இருந்து, கூடவே நீர் பிரிகிற மாத்திரையும் இருந்தால், இந்த ஊசியோடு மூன்றும் சேர்ந்து சில நாளிலேயே கிட்னியை முடக்கிவிடலாம். பிரஷர் மருந்தும் நீர் பிரிகிற மருந்தும் ஒரே மாத்திரையில் கலந்தும் வருவதால் அவருக்கே தெரியாமல் இருக்கும், அட்டையில் பெயருக்குப் பின்னால், நீர் பிரிகிற மருந்தைக் குறிக்கும் ‘எச்’ (H) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எப்படியும் கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டும் ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். மலம் கருகருவென்று போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஆரோக்கியமானவருக்கே கணக்கு இதுதான்: ஒரு ஆம்பியூல் 75 மில்லிகிராம், ஒரு நாளைக்கு மொத்தம் 150 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, இரண்டு நாளுக்கு மேல் ஊசியே கூடாது. அந்த 150இல் டைக்ளோபெனாக் மாத்திரையும் சேர்த்தி. காலையில் ஊசி, ராத்திரி அசிக்ளோபெனாக் மாத்திரை, நடுவில் பல்வலிக்கு வாங்கி மிச்சம் வைத்த கீட்டோரோலாக் என்று சிலர் சாப்பிடுகிறார்கள், எல்லாம் ஒரே குடும்பத்து மருந்து. ஹார்ட் அட்டாக், பக்கவாதம் வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள், அல்சர் உள்ளவர்கள், ஆஸ்பிரின் சாப்பிட்டால் இழுப்பு வருகிறவர்கள், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருப்பவர்கள் இதைப் போட்டுக்கொள்ளவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லாமல் ஊசிக்கு இடுப்பைக் காட்டக் கூடாது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது, கடையிலேயே ஊசியும் போட்டுவிடுகிறார்கள் என்றால் இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்?

இடுப்புப் பிடிப்புக்கு டாக்டரைக் கேட்டுப் பாராசிட்டமால், சூடான ஒத்தடம், படுத்தே கிடக்காமல் கொஞ்சம் நடமாட்டம், இது போதும். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் போக முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ அது வெறும் பிடிப்பு இல்லை, அன்றைக்கே காட்ட வேண்டும்.

கேள்வி: கிட்னி ஸ்டோன் வலியில் துடித்தபோது இதே ஊசியைத்தான் டாக்டர் போட்டார். கிட்னிக்கு ஆகாததைக் கிட்னி வலிக்கே போடலாமா?
– வாசகர், வேலூர்

பதில்: நல்ல கேள்வி. போடலாம், கல் வலிக்கு முதலில் கை போவதே இதற்குத்தான். கல் சிறுநீர்க் குழாயை அடைக்கும்போது உள்ளே அழுத்தம் ஏறுவதற்கும் குழாய் இறுகுவதற்கும் புரோஸ்டாகிளாண்டின்தான் தூண்டுதல், அதைத் தடுத்தால் வலி அதன் வேரிலேயே அடங்கும். கிட்னி நன்றாக வேலை செய்கிறவருக்கு ஒரு ஊசி, வலி அடங்காவிட்டால் அரை மணி கழித்து இன்னொன்று, அவ்வளவுதான். கல் வலியோடு குளிர் காய்ச்சலும் வந்தால் வலியை மட்டும் அடக்கிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள், அடைபட்ட கிட்னியில் கிருமி சேர்ந்திருந்தால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: ஊசி போட்ட இடம் மறுநாள் வரை வலிக்கிறது. சரியாகப் போடவில்லையா?
– வாசகர், திருச்சி

பதில்: கொஞ்சம் வலி சகஜம். பிட்டத்தின் மேல்பக்க வெளிமூலையில், சதைக்குள் ஆழமாகப் போக வேண்டிய ஊசி இது. அவசரத்தில் கொழுப்பிலேயே நின்றுவிட்டால் கட்டி வரும், உள்பக்கம் தள்ளிப் போட்டால் காலுக்குப் போகும் நரம்பில் படலாம். போட்ட உடனே தாங்க முடியாத வலி வந்து தோல் வெளுத்து நீலம் பாய்ந்தாலோ, பாதம் தொங்கினாலோ ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருக்காமல் ஓடுங்கள்.

கேள்வி: முன்பெல்லாம் 30 மில்லி பாட்டிலில் டைக்ளோபெனாக் வரும், இப்போது ஏன் சின்ன ஆம்பியூல் மட்டும்?
– ஓய்வுபெற்ற கம்பவுண்டர், ஈரோடு

பதில்: கழுகுகளுக்காக, ஐயா! இந்த மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் கிட்னி செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006இல் மாட்டு வைத்தியத்தில் தடை வந்தது. மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குக் குத்தினார்கள். அதனால் 2015இல் ஒரு முறைக்கான 3 மில்லிதான் என்று மத்திய அரசு கட்டுப்படுத்தியது, 2017இல் சென்னை உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்றது. ஒரே பாட்டிலில் பலருக்கு ஊசி குத்துவது நின்றது நமக்கும் லாபம்.

கேள்வி: காய்ச்சலோடு உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி. ஒரு வலி ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாமா?
– வாசகி, சென்னை

பதில்: வேண்டாம். டெங்கு இல்லை என்று தெரியும்வரை டைக்ளோபெனாக் குடும்பத்து மருந்து எதுவும் வேண்டாம், பிளேட்லெட் குறைந்திருக்கும் நேரத்தில் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும். பாராசிட்டமால், நிறையத் தண்ணீர், ஒரு ரத்தப் பரிசோதனை. வேலைக்கு லீவு சொல்லிவிடுங்கள்.