மூன்று லட்சமா, மூவாயிரமா?

கேள்வி: 1737 கல்கத்தா நிலநடுக்கத்தில் 3 லட்சம் பேர் பலி என்கிறது ஒரு பொது அறிவுப் புத்தகம். அப்படியொரு நிலநடுக்கமே இல்லை என்கிறது இன்னொன்று. 1976-ல் சீனாவின் டாங்ஷானுக்கு 2.42 லட்சம், 6.55 லட்சம் என்று இரண்டு கணக்கு. செத்தவர்களை எண்ணுவதில்கூடவா குழப்பம்? நடுவாக ஒரு எண்ணை வைத்துக்கொண்டால் என்ன?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: வைத்துக்கொள்ளலாமே. கல்கத்தாவுக்கு ஒன்றரை லட்சம் வரும். அன்றைய கல்கத்தாவில் அத்தனை ஜனமே கிடையாது. பிறக்காத ஆட்களையும் சேர்த்துச் சாகடிக்க வேண்டியிருக்கும். அந்த அக்டோபரில் அங்கே அடித்தது புயல். ஊருக்குள் இறந்தவர்கள் சுமார் 3,000 என்கிறது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணம். மறு வருடம் லண்டன் பத்திரிகையில் அது 3 லட்சமானது. 1994-ல் ரோஜர் பில்ஹாம் என்ற ஆய்வாளர் பழைய காகிதங்களைப் புரட்டி உண்மையைச் சொல்லும்வரை, இரண்டரை நூற்றாண்டாகப் பட்டியலைப் பார்த்துப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார்கள். உங்கள் முதல் புத்தகத்துக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

கொடைக்கானலில் 1899-லேயே நிலநடுக்கக் கருவி வைத்துவிட்டார்கள். அது ஆட்டத்தைக் குறிக்கும், ஆளை எண்ணாது. எண்ணுவது மனிதர்கள். அவர்களுக்கு அவசரமும் உண்டு, பயமும் உண்டு. டாங்ஷானில் அரசு மூன்று வருடம் வாயையே திறக்கவில்லை. 1979-ல் 2.42 லட்சம் என்று அறிவிப்பதற்குள் மற்ற எண் உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது. 1906 சான் பிரான்சிஸ்கோவில் அதிகாரிகள் சொன்னது நானூறுக்குப் பக்கம். ஊருக்குக் கெட்ட பேர் வந்தால் முதலீடு போய்விடும் என்ற கவலை. சைனாடவுன்காரர்களை யாரும் சரியாக எண்ணவும் இல்லை. பின்னாளில் கிளாடிஸ் ஹான்சன் என்ற நூலகர் பெயர் பெயராகத் தேடியதில் அது 3,000-ஐத் தாண்டியது.

எல்லாத் தவறும் ஒரே பக்கம் சாய்வதில்லை என்பதையும் கவனியுங்கள். 1923 டோக்கியோ பேரழிவுக்கு நெடுநாள் சொல்லிவந்த 1.42 லட்சம், இப்போது 1.05 லட்சம். காணாமல் போனவர்கள் கணக்கில் பலர் இறந்தவர்கள் கணக்கிலும் இருந்தார்கள். இப்படி ஒவ்வொரு எண்ணும் ஒவ்வொரு காரணத்தால் கெட்டிருக்க, நடு எண் எதைச் சரிசெய்யும்?

நான் மதிக்கும் பதிவு 1556-ல் சீனாவின் ஷான்ஷியில் நடந்த நிலநடுக்கம் பற்றியது. எல்லோரும் 8.3 லட்சம் என்று எழுதுகிறார்கள். மூலக் குறிப்பு சொல்வது வேறு: பெயர் தெரிந்தவர்கள் 8.3 லட்சத்துக்கு மேல், பெயர் தெரியாதவர்களுக்குக் கணக்கில்லை. எழுதியவர் நேர்மையானவர், பிறகு வந்தவர்கள் பாதி வாக்கியத்தை வெட்டிவிட்டார்கள்.

பழங்கதை என்று நினைக்காதீர்கள். நாளை உங்கள் மலையில் மண் சரிந்தால் ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் எல்லாம் உள்ளூர்க்காரருக்கு உதவும். ஜார்க்கண்டிலிருந்து வந்து எஸ்டேட் லைன் வீட்டில் தங்கியிருக்கும் தேயிலைத் தொழிலாளியின் பெயர், சில சமயம் மேஸ்திரியின் நோட்டில் மட்டும்தான் இருக்கும். அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கிற அதிகாரி வந்தால் ஒரு எண். வராவிட்டால் வேறு எண்.