சிங்கப்பூர் விலங்குத் தோட்டத்தில் ஒரு நாள்: வாசகர் கேள்வி – பதில்

விடுமுறைக்குச் சிங்கப்பூர் கிளம்பும் குடும்பங்களிடமிருந்து மண்டாய் விலங்குத் தோட்டம் பற்றிப் பல கேள்விகள் வந்துள்ளன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

நான்கு வயது, ஒன்பது வயதில் இரண்டு பிள்ளைகள். மாமனார், மாமியாரும் உடன் வருகிறார்கள். லிட்டில் இந்தியாவில் தங்குகிறோம். ஒரே நாள்தான் இருக்கிறது. எப்போது கிளம்பி, எதை முதலில் பார்ப்பது?
– வாசகி, திருச்சி

வாசல் காலை 8.30க்குத் திறக்கும்போதே நீங்கள் அங்கே நிற்க வேண்டும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் பாதி சிரமம் குறைந்துவிடும். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ 137 கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. பகல் வெப்பம் 31, 32 டிகிரிதான். திருச்சிக்காரர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. ஆனால் காற்றின் ஈரத்தில் வியர்வை காயாது, அதனால் உடம்புச் சூடு இறங்காது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நடந்து பழகியவர்களே அங்கே பதினொன்றரை மணிக்குச் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். விலங்குகளும் அப்படித்தான். காலை பத்தரை வரை நடமாடும். பிறகு நிழல் தேடிப் படுத்துவிடும்.

லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதாத் தடத்தில் ஏறி, அடுத்த நிலையமான தோபி காட்டில் இறங்கி, சிவப்புத் தடத்துக்கு மாறிக் காத்திப் வரை போங்கள். அங்கிருந்து மண்டாய்க்குத் தனிப் பேருந்து இருக்கிறது. வீட்டை விட்டு 7 மணிக்கே இறங்குங்கள். நுழைவுச்சீட்டையும், விலங்குக்குத் தீனி கொடுக்கும் நேரச்சீட்டையும் முதல் நாளே இணையத்தில் வாங்கிவிடுங்கள். தீனிச்சீட்டுகள் எண்ணி விற்கப்படுபவை. அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால், பிள்ளை ஆசையாகக் கேட்ட நேரம் தீர்ந்து போயிருக்கும்.

உள்ளே நுழைந்ததும் உணவகத்தில் உட்கார்ந்துவிடாதீர்கள். காலைப் பலகாரத்தை வெளியிலேயே முடித்துவிட்டு, நடக்க வேண்டிய இடங்களை முதல் இரண்டு மணி நேரத்தில் பாருங்கள். உராங்குட்டான், நீள்மூக்குக் குரங்கு, புலி, சிங்கம் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பதினொன்று முதல் மூன்று வரை கூரையுள்ள இடங்கள், சாப்பாடு, டிராம். பெரியவர்களை டிராமில் ஏற்றிவிட்டுப் பிள்ளைகளோடு நீங்கள் நடக்கலாம். எங்கே, எத்தனை மணிக்குச் சேர்வது என்பதைப் பிரிவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகலில் இடி மழை பிடிப்பது அங்கே வழக்கம். மின்னல் எச்சரிக்கை வந்தால் வெளிப்புறக் காட்சிகளும் தீனி கொடுப்பதும் நிறுத்தப்படும். ஆகவே மிக முக்கியம் என்று நீங்கள் நினைக்கும் தீனிச்சீட்டைக் காலை வேளையிலேயே போடுங்கள். குடையைவிட மழைச்சட்டை நல்லது. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பை இருக்கும்போது குடையை யார் பிடிப்பது?

தண்ணீர்க் கணக்கு: நடக்கும் ஒரு மணி நேரத்துக்குப் பெரியவருக்கு அரை லிட்டர், சின்னவருக்குக் கால் லிட்டருக்குக் குறையாமல். தாகம் எடுத்த பிறகு மொத்தமாகக் குடிக்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடக்கு கொடுங்கள். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் தண்ணீர் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு வரட்டும்.

கட்டுச்சோறு எடுத்துப் போகலாம் என்று நினைக்கிறோம். தயிர்சாதம் தாங்குமா?
– வாசகர், கும்பகோணம்

காலை ஆறு மணிக்குப் பிசைந்தது பதினொரு மணிக்கே புளித்துவிடும். பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம். புளியோதரை, சப்பாத்தி, உலர்ந்த பலகாரங்கள் தாங்கும். தேங்காய்ச் சட்னியைத் தொடவே வேண்டாம். பிளாஸ்டிக் பையில் வைத்துக் கையில் தொங்கவிடாமல், மூடியுள்ள டப்பாவில் போட்டு முதுகுப்பைக்குள் வையுங்கள். ஏன் என்பது குரங்கு பற்றிய பதிலில் இருக்கிறது.

என் மகளுக்கு ஆறு வயது. ஒட்டகச்சிவிங்கிக்குத் தன் கையால் ஊட்ட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஆனால் பக்கத்தில் போனால் பயப்படுவாளோ என்று தோன்றுகிறது. யானை, காண்டாமிருகத்துக்கும் கொடுக்கலாமாமே? எப்படிக் கொடுப்பது?
– வாசகர், மதுரை

பயப்படுவாள். அது இயல்புதான். படத்தில் பார்த்த தலையை ஒரு முழ தூரத்தில் பார்க்கும்போது பெரியவர்களே பின்வாங்குவார்கள். பிறர் கொடுப்பதைப் பத்து நிமிடம் தள்ளி நின்று பார்க்க விடுங்கள். இந்த விலங்கு வாயை எப்படிப் பயன்படுத்துகிறது என்று முன்பே சொல்லி வையுங்கள். தெரிந்துகொண்டு போகும் குழந்தை கையை உதறாது.

ஒட்டகச்சிவிங்கிக்கு மேல் தாடையின் முன்பக்கத்தில் பல் கிடையாது. அது நாக்கால் சுற்றி இழுக்கும். அந்த நாக்கு ஏறக்குறைய 45 செ.மீ. நீளம், கருநீல நிறம், பசை போன்ற எச்சில். முள் மரத்து இலையைத் தின்பதற்காக அமைந்த வாய் அது. கேரட்டையோ கிளையையோ ஒரு நுனியில் பிடித்துக் கையை முழுதாக நீட்டச் சொல்லுங்கள். நாக்கு சுற்றியதும் விட்டுவிட வேண்டும். இழுத்து விளையாடக் கூடாது. நாக்கு விரலைத் தொட்டால் ஈரமாக, சொரசொரப்பாக இருக்கும், கடிக்காது. கவனிக்க வேண்டியது தலையைத்தான். ஒட்டகச்சிவிங்கிகள் ஒன்றோடொன்று சண்டை போடுவதே கழுத்தை வீசித் தலையால் இடித்துத்தான். ஈயை ஓட்டத் தலையைச் சட்டென்று திருப்பினாலும் குழந்தைக்கு அது பலத்த அடி. ஆகவே பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஊட்டக் கூடாது, முகத்தைத் தடவக் கை நீட்டக் கூடாது. தலையில் மல்லிகைச்சரம் இருந்தால் எடுத்துப் பையில் வையுங்கள். இலை, பூ எல்லாமே அதற்குத் தீனிதான்.

யானை வேறு விதம். அங்கே இருப்பவை நம் ஆசிய யானைகள். தும்பிக்கை நுனியில் ஒரு விரல் போன்ற முனைதான் உண்டு. ஆப்பிரிக்க யானைக்கு இரண்டு. அதனால் ஆசிய யானை தீனியை நுனியால் அணைத்துச் சுருட்டி எடுக்கும். உள்ளங்கையை விரித்து அதில் துண்டை வைத்து நீட்டினால் போதும். மூச்சு பலமாக, ஈரமாகக் கையில் படும். அந்த நொடியில்தான் பிள்ளைகள் தீனியைக் கீழே போடுவார்கள். விழுந்ததை எடுக்கத் தடுப்பின் மேல் சாயவோ குனியவோ வேண்டாம், அடுத்த துண்டைக் கொடுங்கள்.

காண்டாமிருகத்தில் அங்கே இருப்பது ஆப்பிரிக்காவின் வெள்ளைக் காண்டாமிருகம். பெயர்தான் வெள்ளை, நிறம் சாம்பல். புல் மேய்வதற்கான அகன்ற, தட்டையான உதடு. சுருட்டி எடுக்கத் தெரியாது. பணியாளர் காட்டும் இடத்தில் வாய்க்குள் வைக்க வேண்டியிருக்கும். அதற்குக் கண்பார்வை மங்கல், காதும் மூக்கும் கூர்மை. கூச்சல் போட்டால் இரண்டு டன் எடையுள்ள விலங்கு திடுக்கிட்டுத் திரும்பும். இங்கே அமைதியாக நிற்பது கட்டாயம்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று. கொசு மருந்தும் வெயில் களிம்பும் பூசிய கையோடு தீனி கொடுத்தால் அந்த மருந்து விலங்கின் வாய்க்குள் போகும். காலிலும் கழுத்திலும் பூசுங்கள். உள்ளங்கையைக் கழுவிவிட்டு வரிசையில் நில்லுங்கள். கொடுத்து முடித்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள். கைக்கு ஊற்றும் கிருமிநாசினி, எச்சிலும் மண்ணும் ஒட்டிய கையில் சரியாக வேலை செய்யாது. ஆமையைத் தொட்டால் இது இன்னும் முக்கியம். ஊர்வனவற்றின் உடம்பில் சால்மோனெல்லா கிருமி நோய்க்குறி எதுவும் இல்லாமலே இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது கடும் வயிற்றுப்போக்கைத் தரும்.

நாங்களே வாழைப்பழம் வாங்கிப் போய்க் குரங்குக்குக் கொடுத்தால் என்ன தவறு? பாவம், அதுவும் ஓர் உயிர்தானே?
– வாசகி, யாழ்ப்பாணம்

உங்கள் இரக்கம் புரிகிறது. ஆனால் நீள்மூக்குக் குரங்குக்கு அந்தப் பழம் எமனாகலாம். போர்னியோக் காட்டில் இலையும் பழுக்காத காயும் தின்று வாழும் விலங்கு அது. மாட்டைப் போலவே அதன் வயிற்றிலும் அறைகள் உண்டு. அங்கே நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்க வைத்துச் செரிக்கின்றன. இனிப்பான பழம் உள்ளே போனால் புளிப்பு மிக வேகமாக நடந்து, காற்று அடைத்து, வயிறு ஊதி, உயிரே போகலாம். நம் வீட்டு மாட்டுக்கு ஒரு பானைச் சோறு வைத்தால் வயிறு உப்பிச் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதைதான். கட்டணம் வாங்கிக்கொண்டு அவர்கள் தரும் தீனி, அந்த விலங்கின் அன்றாட அளவில் கழிக்கப்படுவது. உங்கள் பழம் அந்தக் கணக்கில் இல்லாதது.

தோட்டத்துக்கு வெளியே, பேருந்து நிறுத்தம் பக்கம் குரங்குகள் பையைப் பிடுங்குகின்றன என்கிறார்களே?
– வாசகர், கோயம்புத்தூர்

அவை தோட்டத்தின் குரங்குகள் அல்ல. மண்டாய்க் காட்டில் இயற்கையாக வாழும் நீண்டவால் குரங்குகள். சரசரக்கும் பிளாஸ்டிக் பை என்றால் உணவு என்று மனிதர்கள் அவற்றுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டார்கள். பையை உடம்பின் முன்பக்கம் அணைத்துக்கொண்டு, கண்ணுக்குக் கண் பார்க்காமல், பல்லைக் காட்டாமல், ஓடாமல் மெல்ல விலகுங்கள். ஓடினால் துரத்தும். சிரிப்பதற்காக நாம் பல் தெரியக் காட்டுவதை அவை மிரட்டலாக எடுத்துக்கொள்ளும்.

சிங்கப்பூரில் காட்டு விலங்குக்கு உணவு கொடுப்பது குற்றம். முதல் முறைக்கே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், மறுமுறை 10,000 வரை. கடித்தாலோ நகம் கீறினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம். சிங்கப்பூரில் வெறிநாய்க்கடி நோய் இல்லை என்றாலும், இந்தக் குரங்கினம் வேறு கிருமிகளைச் சுமக்கும்.

தலைக்கு மேலே பழந்தின்னி வௌவால் தொங்கும் கூடத்துக்குள் நடந்து போகலாமாம். நிபா வைரஸ் பயம் இருக்கிறது. மனைவி கர்ப்பமாக இருக்கிறாள். போகலாமா?
– வாசகர், நாகர்கோவில்

கேரளத்தை ஒட்டி வாழ்பவருக்கு இந்தப் பயம் வருவது நியாயமே. நிபா முதலில் கண்டறியப்பட்டது மலேசியாவில், 1998–99இல். வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் பரவியது. சிங்கப்பூரில் 1999இல் பாதிக்கப்பட்டவர்கள் பன்றி வெட்டும் கூடத்தில் வேலை செய்தவர்கள். பரவும் வழி எச்சில், சிறுநீர், அவை பட்ட பழம் அல்லது கள், நோயுற்ற விலங்கு அல்லது மனிதரோடு நெருக்கம். வௌவால் இருக்கும் கூடத்தில் நடப்பதாலேயே வருவதல்ல.

அந்தக் கூடம் பெரிய வலைக்கூரை போட்ட சிறு காடு. குரங்கு போன்ற லெமூர்கள் பாதையில் குறுக்கே நடக்கும், சருகுமான் செடி மறைவில் நிற்கும், வண்ணத்துப்பூச்சி தோளில் உட்காரும். பிள்ளைகளுக்கு மறக்க முடியாத இடம். வௌவால்களுக்கு நேர் கீழே நிற்காமல் கடந்து போங்கள். கைப்பிடிக் கம்பியைத் தொட்ட கையை முகத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். உள்ளே எதையும் சாப்பிடக் கூடாது, தொப்பி போட்டுக்கொள்ளுங்கள், வெளியே வந்ததும் கை கழுவுங்கள். இப்படிச் செய்தால் தயங்காமல் போகலாம். உங்கள் மனைவிக்கு உள்ளே புழுக்கமே பெரிய சிரமம். மனம் ஒப்பவில்லை என்றால் அந்தக் கூடத்தை மட்டும் விட்டுவிடலாம். லெமூர் எத்தனை பக்கத்தில் வந்தாலும் தொடாதீர்கள். குரங்கினத்தைப் போல அதுவும் கடிக்கும்.

உராங்குட்டான் கூண்டே இல்லாமல் மரத்தில் தாவுகிறதாம். தப்பி ஓடாதா?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஈப்போ

நல்ல கேள்வி. உராங்குட்டானுக்கு நீந்தத் தெரியாது. ஆகவே அகழி நீரே அதற்குச் சுவர். அதன் மரத்துக் கிளைகள் வெளி மரங்களைத் தொடாதபடி அவ்வப்போது வெட்டிவிடுவார்கள். மற்ற விலங்குகளுக்கும் பாறை, செடி, பள்ளம் இவற்றால் மறைத்த தடுப்புகள்தான்.

1973 ஜூன் 27 அன்று திறக்கப்பட்ட இந்தத் தோட்டத்தை, செலட்டார் மேல் நீர்த்தேக்கக் கரையில், தொடக்கத்திலிருந்தே இப்படித் திட்டமிட்டார்கள். வெப்பமண்டலத் தோட்டத்துக்கே உரிய சிக்கல்களைத் தீர்க்க ஆலோசகராக அழைக்கப்பட்டவர் கொழும்பு தெகிவளை விலங்குத் தோட்டத்தின் இயக்குநர் லின் டி அல்விஸ். குளிர்நாட்டுத் தோட்டங்கள் விலங்கைக் குளிரிலிருந்து காக்கக் கட்டடத்துக்குள் அடைக்க வேண்டியிருந்தது. இங்கே மழைக்காட்டையே வீடாகத் தர முடிந்தது.

உராங்குட்டான்களோடு காலை உணவு நேரத்துக்குப் போவதாக இருந்தால் ஒன்று: வீட்டில் யாருக்காவது சளி, இருமல் இருந்தால் அந்தச் சீட்டை வாங்காதீர்கள். நம் சளி அவற்றுக்கும் தொற்றும், அவற்றுக்கு அது நுரையீரல் நோயாக முற்றலாம். "ஓராங்" என்றால் மலாயில் ஆள், "ஊத்தான்" என்றால் காடு என்பது ஈப்போவில் இருக்கும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பனிக்கரடி இருக்கிறதா?
– வாசகர், சேலம்

இல்லை. இனுக்கா என்ற பனிக்கரடி 1990இல் அங்கேயே பிறந்து, முதுமை நோயால் 2018 ஏப்ரலில் கருணைக்கொலை செய்யப்பட்டது. இனி பனிக்கரடி வைப்பதில்லை என்று 2006இலேயே தோட்டம் முடிவெடுத்துவிட்டது. அது சரியான முடிவு.

இரண்டு முறை போயும் புலி தூங்கிக்கொண்டே இருந்தது. படமும் மங்கலாக விழுந்தது.
– வாசகி, காரைக்குடி

நடுப்பகலில் போயிருப்பீர்கள். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை ஓய்வெடுக்கும். புலியும் வெயிலில் அசையாது. வாசல் திறந்த முதல் ஒரு மணி நேரம், அல்லது மழை விட்டு வெயில் வருவதற்கு முந்தைய வேளை, இந்த இரண்டில்தான் புலி நடக்கும். கண்ணாடியைத் தட்டி எழுப்பப் பார்ப்பது அதற்கு வதை.

படம் மங்குவது குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் கேமராக் கண்ணாடியில் நீர் படிவதால். கைபேசியைக் கையில் பிடித்தபடி பத்து, பதினைந்து நிமிடம் விட்டால் தானே தெளியும். சட்டையால் அழுத்தித் துடைத்தால் மறுபடியும் படியும், கீறலும் விழும். தடுப்புக் கண்ணாடி வழியாக எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிட்டு, கைபேசியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். கண்ணாடியில் தெரியும் உங்கள் பிம்பம் படத்தில் விழாது.