சூப்பர்ஹீரோவை வரைகிறவர்கள்: கேள்வி பதில்

கே: நான் வரையும் நாயகன் எப்போதும் குள்ளமாகத் தெரிகிறான். தசையெல்லாம் சரியாகத்தான் போடுகிறேன்.

ப: தசையை விடுங்கள், தலையை அளந்து பாருங்கள். சாதாரண மனிதனின் உயரம் ஏழரைத் தலை. நாயகனுக்கு எட்டு, எட்டரை வரை போகலாம். கூடுதல் உயரத்தைக் காலுக்குக் கொடுங்கள். உங்கள் நாயகனுக்குத் தலை பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

கே: பென்சிலில் வரைய ஒருவர், அதன்மேல் மையில் வரைய இன்னொருவர். எதற்கு இரட்டை வேலை?

ப: மை ஓவியர் எவரிடமும் இதைக் கேட்டுவிடாதீர்கள். அமெரிக்கக் காமிக்ஸ் மாத இதழுக்கு இருபது பக்கங்களாவது வேண்டும். நாளுக்கு ஒரு பக்கம் என்பதே பெரும்பாடு. அதனால்தான் வேலையைப் பிரித்தார்கள். பென்சில் ஓவியர் 11க்கு 17 அங்குலத் தாளில் வரைந்து, முழுக்கக் கறுப்பாக வேண்டிய இடங்களில் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு அனுப்புவார். மேலங்கியின் ஓரம் எவ்வளவு தடிக்க வேண்டும், கன்னத்துக் கோடு எவ்வளவு மெலிய வேண்டும் என்பதெல்லாம் மை ஓவியரின் கையில். மார்வெல் நிறுவனத்தின் பென்சில் ஓவியர் ஜாக் கிர்பியின் படங்களுக்கு ஜோ சின்னாட் மையிட்ட பக்கங்கள் உலோகம்போல மின்னும். இன்னொரு மை ஓவியரான வின்ஸ் கொலெட்டாவோ, நேரம் மிச்சமாகட்டும் என்று பின்னணி ஆட்களையே அழித்துவிடுவார் என்று பெயரெடுத்தவர்.

கே: மார்வெல் நாயகர்கள் எல்லோரும் ஸ்டான் லீயின் கற்பனைதானே?

ப: இல்லை. அங்கே நடந்த முறையைப் பாருங்கள். எழுத்தாளரும் இதழாசிரியருமான லீ கதைச் சுருக்கத்தைச் சொல்வார், சில நேரம் வாய்வார்த்தையாகவே. ஓவியர் அதை இருபது பக்கங்களுக்கு விரித்து, யார் எங்கே நிற்பது, பக்கத்தின் எந்தப் படக்கட்டத்தில் அடி விழுவது என்று முடிவுசெய்து வரைவார். வசனம் அதற்குப் பிறகுதான். 1966 மார்ச் தேதியிட்ட ஃபென்டாஸ்டிக் ஃபோர் 48ஆம் இதழின் பக்கங்கள் லீயிடம் வந்தபோது, பலகையில் ஏறி விண்வெளியில் பறக்கும் வெள்ளி உடல் ஆசாமி ஒருவன் இருந்தான். பேச்சில் வராத அவனைத் தானாகவே சேர்த்திருந்தார் கிர்பி. அவன்தான் சில்வர் சர்ஃபர். இதை லீயே சொல்லியிருக்கிறார். இப்படி வரைபவரை வெறும் ஓவியர் என்று அழைப்பது எனக்கு ஒப்பவில்லை. அவர் பாதி ஆசிரியர்.

கே: அப்படியானால் பணமும் பாதி கிடைத்ததா?

ப: நல்ல நகைச்சுவை. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் சூப்பர்மேனின் உரிமையை விற்ற விலை 130 டாலர். நீல் ஆடம்ஸ் போன்ற ஓவியர்கள் குரல்கொடுத்த பிறகு, 1975இல்தான் இருவருக்கும் ஆண்டு உதவித்தொகையும் படைத்தவர்கள் என்ற பெயரும் கிடைத்தன.

கே: ஹல்க் ஏன் பச்சை?

ப: அச்சகத்தின் புண்ணியம். 1962இல் முதல் இதழில் அவன் சாம்பல் நிறம். அது பக்கத்துக்குப் பக்கம் வேறு மாதிரி அச்சானதால் இரண்டாவது இதழில் பச்சையாக்கினார்கள்.

கே: இரும்புக்கை மாயாவியை வரைந்தவரும் அமெரிக்கரா?

ப: ஸ்பெயின்காரர், ஹெசூஸ் பிளாஸ்கோ. 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழுக்காக வரைந்தார். முத்து காமிக்ஸ் வழியாக 1972இல் தமிழுக்கு வந்தான் மாயாவி. உடல் மறைந்து கை மட்டும் அந்தரத்தில் தொங்கும் கட்டங்களைக் கவனியுங்கள்: அந்தக் கை நிற்கும் உயரத்தையும் சாய்வையும் வைத்தே, கண்ணுக்குத் தெரியாத ஆள் குனிகிறானா ஓடுகிறானா என்று நமக்குப் புரிந்துவிடும்.

கே: ஒரே ஒரு காட்சியைப் பார்த்துப் பழக வேண்டுமென்றால் எது?

ப: ஸ்பைடர்மேன் 33ஆம் இதழ், 1966, வரைந்தவர் ஸ்டீவ் டிட்கோ. ராட்சத இயந்திரம் ஒன்றின் அடியில் நாயகன் நசுங்கிக் கிடக்கிறான். அத்தையின் உயிரைக் காக்கும் மருந்து கைக்கு எட்டாத தூரத்தில். மேலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. முதலில் அவனை அமுக்கும் குறுகிய கட்டங்கள். அவன் முதுகு நிமிர நிமிரக் கட்டங்களும் பெரிதாகின்றன. கடைசியில் ஒரு முழுப் பக்கம், இயந்திரம் தலைக்கு மேலே. வசனத்தை மறைத்துக்கொண்டு பார்த்தாலும் கதை புரியும்.

கே: பதிப்பாளரிடம் எதைக் காட்டலாம்? பேட்மேன் பறக்கும் படங்கள் நிறைய வைத்திருக்கிறேன்.

ப: அவற்றைச் சுவரில் மாட்டுங்கள். பதிப்பாளரிடம் தொடர்ச்சியாக மூன்று, நான்கு கதைப் பக்கங்களைக் கொண்டுபோங்கள். அதில் ஒன்றிலாவது இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்து பேசட்டும், ஒருவர் எழுந்து கதவைத் திறந்து போகட்டும். பறப்பதை எல்லோரும் வரைந்துவிடுவார்கள். நாற்காலியில் ஒழுங்காக உட்கார வைப்பதுதான் சிரமம். அச்சுப் பிரதியைக் கொடுங்கள், மூலப் பக்கம் உங்களிடமே இருக்கட்டும்.