நூலக அட்டை: படிவம் நிரப்புவதிலிருந்து ‘நோ டியூ’ வரை

கேள்வி: போளூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழில் முழுநேர பி.எச்டி. சேர்ந்திருக்கிறேன். நூறு வருஷத்துக்கு முந்தைய பெண்கள் இதழ்கள் பற்றிய ஆய்வு. துறை நூலகத்தில் புத்தகம் தருகிறார்கள். மைய நூலகத்தில் தனியாக அட்டை வாங்க வேண்டுமா? படிவத்தில் நெறியாளர் கையெழுத்து கேட்கிறார்கள்; அவர் வெளியூரில் இருக்கிறார். அறைத்தோழி அவளுடைய அட்டையில் எடுத்துத் தருவதாகச் சொல்கிறாள். அப்படிச் செய்யலாமா? ஊருக்குப் போகும் நாட்களில் படிக்க ஏதாவது வழி உண்டா?

பதில்: வாங்குங்கள், இந்த வாரமே. துறை நூலகத்தில் உங்கள் முகம் தெரியும். பதிவேட்டில் எழுதிவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். மைய நூலகத்தில் நீங்கள் யார் என்பதை அட்டைதான் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் பல்கலைக்கழக நூலக வேலையில் இருந்தவன் நான். அந்த அனுபவத்தில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தகம் எடுத்துப் போவது அந்த அட்டையின் பயனில் சின்னப் பங்குதான். உங்களைப் போன்ற ஆய்வாளருக்குப் பெரிய பயன் இரண்டு உண்டு. வீட்டிலிருந்தே மின்னிதழ்களைப் படிக்கத் தரும் கணக்கு ஒன்று, மற்ற நூலகங்களுக்குக் கொண்டுபோக வேண்டிய அறிமுகக் கடிதம் இன்னொன்று. இரண்டும் கேட்டால்தான் கிடைக்கும். கேட்காமலேயே ஆய்வை முடித்துவிட்டுப் போனவர்கள் நிறையப் பேர். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

முதலில் படிவம். சேர்க்கைக் கடிதத்தின் நகல், பல்கலைக்கழக அடையாள அட்டை, ஸ்டாம்ப் சைஸ் போட்டோ இரண்டு, ஆதார் நகல், கட்டணம் கட்டிய ரசீது ஆகியவற்றை ஒரே கவரில் போட்டு எடுத்துப் போங்கள். ரசீதை நன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் நூலகக் கட்டணமும் காப்புத்தொகையும் சேர்க்கையின்போதே வாங்கியிருப்பார்கள். அது தெரியாமல், தனியாகப் பணம் கட்ட வேண்டுமோ என்று பயந்து மாதக்கணக்கில் கவுண்ட்டர் பக்கமே வராத பிள்ளைகள் உண்டு. சில இடங்களில் தனி அட்டையே கிடையாது. அடையாள அட்டையில் இருக்கும் பார்கோடை நூலகக் கணினியில் பதிந்தால் போதும். எப்படியானாலும் அந்த ரசீதைத் தொலைக்காதீர்கள். படிப்பு முடிந்து காப்புத்தொகையைத் திருப்பி வாங்கும்போது அதைத்தான் கேட்பார்கள்.

நெறியாளர் ஊரில் இல்லையென்றால் துறைத்தலைவரிடம் கையெழுத்தும் துறை முத்திரையும் வாங்கிக்கொண்டு போங்கள். நான் வேலை பார்த்த இடத்தில் அதை ஏற்றுக்கொள்வோம். உங்கள் நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். ‘நெறியாளர் வெளியூரில் இருக்கிறார், துறைத்தலைவர் கையெழுத்து போதுமா?’ என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் வழி சொல்வார்கள். முகவரி எழுதும்போது விடுதி முகவரி, ஊர் முகவரி இரண்டையும் எழுதுங்கள். எப்போதும் உங்கள் கையில் இருக்கும் போன் எண்ணைக் கொடுங்கள். தவணை நினைவூட்டல், முன்பதிவுத் தகவல் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

அட்டையை வாங்கும்போது கவுண்ட்டரிலேயே நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒரே சமயத்தில் எத்தனை புத்தகம், எத்தனை நாள், எத்தனை தடவை புதுப்பிக்கலாம், நாளொன்றுக்கு அபராதம் எவ்வளவு. இது ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் வேறுபடும். முதுகலை மாணவரைவிட ஆய்வாளருக்குப் பொதுவாகக் கூடுதல் புத்தகமும் கூடுதல் நாளும் கொடுப்பார்கள். உங்களை ‘ஆய்வாளர்’ என்றுதான் பதிந்திருக்கிறார்களா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். தவறுதலாக மாணவர் பிரிவில் பதிந்து, ஒரு வருஷம் முழுக்க இரண்டு புத்தகத்தோடு காலம் தள்ளிய ஒரு ஆய்வாளரை எனக்குத் தெரியும்.

இனி அறைத்தோழி. வேண்டாம். அவர் நல்ல மனதோடு சொல்கிறார், ஆனால் வேண்டாம். நூலகக் கணக்கில் புத்தகம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. யார் படித்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. இப்படித்தான் ஒரு தோழி எடுத்துக்கொடுத்த புத்தகம், இரவல் வாங்கியவர் ஊர் மாறிப் போனதில் தொலைந்தது. அது அச்சில் இல்லாத புத்தகம், கடையில் வாங்கித் தரவும் வழியில்லை. அட்டைக்குச் சொந்தக்காரி ஆய்வேட்டை ஒப்படைக்கும் வாரத்தில் கவுண்ட்டர் முன்னால் நின்று அழுதது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. விதிப்படி நாங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. அதேபோல உங்கள் அட்டை தொலைந்தால் அன்றைக்கே நூலகத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். போனில் சொன்னால் போதாது. கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு உங்கள் அட்டையில் யாராவது புத்தகம் எடுத்திருந்தால், அது நீங்கள் எடுத்ததல்ல என்று காட்ட உங்களிடம் இருக்கும் ஆதாரம் அதுதான்.

புத்தகம் எடுக்கும்போது கவுண்ட்டருக்குப் போவதற்கு முன் பக்கங்களை ஒரு தடவை புரட்டிவிடுங்கள். கிழிந்த பக்கம், பிளேடால் அறுத்து எடுத்த படம், மையால் போட்ட அடிக்கோடு எது இருந்தாலும் அப்போதே காட்டி, தவணைத் தேதி ஒட்டியிருக்கும் தாளில் குறித்துத் தரச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது கண்டுபிடித்தால் பழி உங்கள் மேல் விழும். திருப்பிக் கொடுத்த பிறகும், உங்கள் கணக்கிலிருந்து புத்தகம் நீங்கிவிட்டதா என்று கணினித் திரையில் பார்த்துவிட்டு நகருங்கள். கவுண்ட்டரில் வைத்துவிட்டு ஓடுவதால் வரும் தகராறுகளுக்குக் கணக்கே இல்லை.

அடுக்கில் புத்தகம் தேடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நேரம் அதிகம் வீணாவது அங்கேதான். அடுக்குகளுக்கு நடுவே நீங்களே நடந்து போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கிறீர்களே, அந்த உரிமை எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. சீர்காழியில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். லண்டனில் பயிற்சி பெற்றுத் திரும்பி வந்தபின் வாசகர்களை அடுக்குகளுக்குள் தாராளமாக அனுமதித்தார். 1931-இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அட்டை வழங்கும் முறை, பட்டியல், அடுக்கு வரிசை எல்லாம் அதற்காகத்தான் இருக்கின்றன.

புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்தான் அதன் விலாசம். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசமப் பகுப்பு என்ற முறையை உங்கள் நூலகம் பின்பற்றினால் தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணில் இருக்கும். கவிதைக்கு அதோடு 1 சேர்ந்து 894.8111, புனைகதைக்கு 894.8113. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். புள்ளிக்குப் பின்னால் வருவதை முழு எண்ணாகப் படித்து, 8111 பெரிய எண், அதனால் 82-க்குப் பிறகுதான் வரும் என்று அடுத்த அடுக்கில் போய்த் தேடுவார்கள். அது தசம எண். ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேண்டும். 894.8111 முன்னால் வரும், 894.82 பின்னால்தான் வரும். ரங்கநாதன் உருவாக்கிய கோலன் பகுப்பைப் பின்பற்றும் நூலகமாக இருந்தால் எண்முறையே வேறு. அதைத் தனியாக உட்கார்ந்து புரிந்துகொள்ளப் பாடுபட வேண்டாம். அடுக்குப் பகுதி ஊழியரிடம் பத்து நிமிஷம் கேளுங்கள், சந்தோஷமாகச் சொல்வார்.

கணினிப் பட்டியலில் தேடும்போது உங்கள் தலைப்புக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய தமிழ்த் தலைப்புகளைப் பல நூலகங்களில் ஆங்கில எழுத்தில்தான் ஏற்றியிருக்கிறார்கள், அதையும் ஏற்றியவர் காதில் விழுந்தபடி. பாரதியார் ஆசிரியராக இருந்து 1905-இல் தொடங்கிய பெண்கள் மாத இதழை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டியலில் ‘சக்கரவர்த்தினி’, இன்னொன்றில் ‘சக்ரவர்த்தினி’, மற்றொன்றில் ‘சக்கரவர்த்திநி’ என்று இருக்கலாம். ஆங்கில எழுத்தில் வந்தால் இன்னும் நான்கைந்து விதம். ஒரு எழுத்துக்கூட்டில் தேடிவிட்டு ‘இந்த நூலகத்தில் இல்லை’ என்று குறிப்பேட்டில் எழுதிவிடாதீர்கள். தலைப்பின் ஒரு துண்டைப் போட்டுத் தேடுங்கள், ஆசிரியர் பெயரில் தேடுங்கள், பதிப்பித்த ஊரின் பெயரில் தேடுங்கள். இதழ்களாக இருந்தால் பைண்டு செய்த பழைய தொகுதிகள் கணினியில் ஏறாமலே கிடக்கவும் கூடும். பருவ இதழ்ப் பிரிவில் பழைய பதிவேடு இருக்கிறதா என்று கேளுங்கள். ஊதா மையில் வரிசை எண் போட்ட அந்தத் தடித்த ஏட்டைக் கேட்கும் ஆய்வாளர்கள் இப்போது குறைவு. உங்களுக்கு வேண்டியது அதில்தான் இருக்கக்கூடும்.

அப்படிக் கிடைத்த தொகுதியை வீட்டுக்குத் தரமாட்டார்கள். அட்டை இருந்தாலும் பழைய இதழ்கள், ஆய்வேடுகள், அகராதிகள் எல்லாம் அங்கேயே உட்கார்ந்து படிக்கத்தான். இதில் மனம் வருந்த ஒன்றுமில்லை. நூறு வருஷத் தாள் விரல் பட்டாலே பொடியும். ஜெராக்ஸ் இயந்திரத்தில் தொகுதியைக் கவிழ்த்து அழுத்தினால் தையல் விட்டுப்போகும். செல்போனில் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைத்தால் பிளாஷை அணைத்துவிட்டு, முதலில் அட்டைப்படம், பிறகு ஆண்டு, மலர், இதழ் எண் தெரியும் பக்கம், அதற்குப் பிறகு உங்களுக்கு வேண்டிய கட்டுரை என்ற வரிசையில் எடுங்கள். கட்டுரையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் ஆறு மாதம் கழித்து அது எந்த மாத இதழ் என்று தெரியாமல் மறுபடியும் வர வேண்டியிருக்கும்.

உங்கள் ஆய்வுக்குப் பல்கலைக்கழக நூலகம் மட்டும் போதாது. அறிமுகக் கடிதம் முக்கியம் என்று சொன்னது அதற்காகத்தான். தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு நீங்கள் கட்டாயம் போக வேண்டும். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்த புத்தகங்களையும் இதழ்களையும் கொண்டு 1994-இல் உருவானது அது. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் கன்னிமாரா நூலகம் 1896-இல் திறக்கப்பட்டது. இந்தியாவில் அச்சாகும் புத்தகங்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நூலகங்களில் அதுவும் ஒன்று. உங்கள் பல்கலைக்கழக நூலகரிடமோ துறைத்தலைவரிடமோ, இன்னார் இந்தத் தலைப்பில் ஆய்வு செய்கிறார், உதவுங்கள் என்று கடிதம் வாங்கி, நூலக அட்டையின் நகலோடு கொண்டுபோங்கள். போவதற்கு முன்பே உங்களுக்கு வேண்டிய இதழ், ஆண்டு, மாதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ‘பழைய பெண்கள் இதழ் எல்லாம் வேண்டும்’ என்று சொல்பவருக்கு உதவுவது கஷ்டம். ‘1905 முதல் 1910 வரை, இந்த மூன்று தலைப்பு’ என்று கேட்டால் ஊழியர் எழுந்து போய்த் தேடுவார். உங்கள் நூலகத்தில் இல்லாத புத்தகத்தை வேறொரு நூலகத்திலிருந்து வரவழைக்கும் ஏற்பாடும் பல பல்கலைக்கழகங்களில் உண்டு. டெல்நெட் போன்ற நூலகக் கூட்டமைப்பில் உங்கள் நூலகம் உறுப்பினரா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி, ஊரில் இருக்கும்போது எப்படிப் படிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். வளாகத்துக்கு வெளியிலிருந்து மின்னிதழ்களைத் திறக்க இன்பெட் என்ற வசதி இருக்கிறது. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரில் இருக்கும் இன்பிலிப்நெட் மையம் நடத்துவது. உங்கள் பல்கலைக்கழகம் அதில் சேர்ந்திருந்தால் நூலகமே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்கித் தரும். நீங்கள் சேர்ந்திருப்பது அரசுப் பல்கலைக்கழகமானால் ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தைப் பற்றியும் கேளுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் இருக்கின்றன. தமிழில் ஆய்வு செய்கிறவருக்கு ஆங்கில இதழ்கள் எதற்கு என்று நினைக்காதீர்கள். அச்சு வரலாறு, பெண்கல்வி வரலாறு பற்றி அவற்றில் வந்திருக்கும் கட்டுரைகள் உங்களுக்கு நேரடியாகவே உதவும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே இரவில் நூற்றுக்கணக்கான கட்டுரைகளை இறக்கிக் குவிக்காதீர்கள். அப்படிச் செய்தால் பதிப்பகம் அந்தப் பல்கலைக்கழகம் முழுவதற்குமே இணைப்பை நிறுத்திவைக்கக்கூடும். கடவுச்சொல்லை யாருக்கும் தராதீர்கள். அறைத்தோழியின் அட்டைக்குச் சொன்னதேதான் இதற்கும்.

அட்டையே இல்லாமல் படிக்கக்கூடியவையும் உண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற இணையதளத்தில் இலவசம். உங்கள் தலைப்பை ஒட்டி முன்பு யார் என்ன செய்திருக்கிறார்கள் என்பதை முதல் மாதத்திலேயே அங்கே பார்த்துவிடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களோடு பருவ இதழ்களும் இருக்கின்றன. போளூரில் இணைய வேகம் குறைவாக இருந்தால், ஊருக்குக் கிளம்பும் முன் வளாக வைபையிலேயே வேண்டியதை இறக்கி எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வருவது ‘நோ டியூ’ சான்றிதழ். ஆய்வேட்டை ஒப்படைக்கும்போது நூலகத்தில் பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்து கேட்பார்கள். பல பல்கலைக்கழகங்களில் கருத்துத்திருட்டுச் சோதனையையும் நூலகமே செய்து சான்று தருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி மற்றவர் எழுத்தோடு 10 சதவீதம் வரையிலான ஒப்புமைக்கு நடவடிக்கை இல்லை. இந்த இரண்டையும் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல், ஒப்படைக்க மூன்று மாதம் இருக்கும்போதே உங்கள் கணக்கை ஒரு தாளில் அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுத்தும் கணக்கில் நிற்கும் புத்தகம் ஒன்று இருந்தால், அடுக்கில் போய்த் தேடி எடுத்துக் காட்ட அப்போது அவகாசம் இருக்கும்.

நாளைக் காலையில் துறை அலுவலகம் திறந்ததும் துறைத்தலைவரிடம் படிவத்தை நீட்டுங்கள். அப்போதே அறிமுகக் கடிதத்தையும் கேட்டுவிடுங்கள்.