மலைச் சைக்கிளில் பெடல் மிதிக்காமல் உருளும்போதே கியர் மாறும்படி வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா?

முடியும். செயின் ஓடினால்தான் கியர் மாறும். மிதிக்காதபோது செயினை நிற்கவிட்டுச் சக்கரத்தை மட்டும் உருளவிடுவது ஃப்ரீவீல். அதன் வேலையைப் பின்சக்கரத்திலிருந்து கிராங்குக்கு (பெடல் மாட்டிய கைகளுக்கு) மாற்ற வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இதைச் செய்பவர்களில் பெரும்பாலோர் பின்பக்கத்தை இறுக்கிப் பூட்டுவதில்தான் மூளையைச் செலவழிக்கிறார்கள். கவனம் வேண்டியது முன்பக்கத்தில்.

உங்களிடம் இருப்பது மோட்டார் இல்லாத, பின்னால் கேசட்டும் (பல்சக்கர அடுக்கு) டீரெய்லரும் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் கருவி) வைத்த சைக்கிள் என்று எடுத்துக்கொள்கிறேன். பாறை நிறைந்த இறக்கத்தில் பெரிய வேக கியரில் வருகிறீர்கள், வளைவு முடிந்ததும் செங்குத்து ஏற்றம், இடையில் மிதிக்க இடமே இல்லை. "முன்னாடியே கியரைப் போட்டு வைக்க வேண்டியதுதானே" என்று கீழே யாராவது எழுதுவார்கள். தெரிந்த பாதையில் சரி. தெரியாத பாதையில் பெடலைக் கிடையாக வைத்து நிற்பவருக்கு அது பதிலே இல்லை. கால் சுற்று மட்டும் மிதித்து மாற்றலாமே என்பார் இன்னொருவர். கணக்கைப் பாருங்கள்: முன்னால் 32 பல் என்றால் கால் சுற்றுக்கு 8 பல் நகரும். 14 பல் சக்கரத்தில் அது பாதிச் சுற்றுக்கு மேல், கியர் விழுந்துவிடும். 42 பல் சக்கரத்திலோ ஐந்தில் ஒரு சுற்றுகூட இல்லை. செயினை ஏற்றிவிடும் சரிவுகள் கேசட்டில் சில இடங்களில்தான் வெட்டப்பட்டிருக்கும். அந்த இடம் வருவதற்குள் கால் சுற்று தீர்ந்துவிடும்.

இந்த யோசனை ஒன்றும் புதிது இல்லை. 1970-களின் கடைசியில் ஷிமானோ நிறுவனமே எஃப்.எஃப்.எஸ். என்ற பெயரில் கிராங்குக்குள் ஃப்ரீவீல் வைத்து விற்றது. பின்பக்கம் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அதை முழுக்கப் பூட்டவில்லை. உராய்வு அதிகமான, விறைப்பான ஃப்ரீவீல் ஒன்றை வைத்தார்கள். சாதாரணமாகச் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். செயினில் துணியோ விரலோ சிக்கினால் வழுக்கிக்கொள்ளும். பிறகு ஹோண்டா தன் ஆர்.என்.01 இறக்கப் பந்தய சைக்கிளில் டீரெய்லரையும் கேசட்டையும் ஒரு பெட்டிக்குள் அடைத்து, மிதிக்காமலே கியர் மாறும்படி செய்தது. கிரெக் மின்னார் அந்த அணியில் இருந்தபோதுதான் 2005 உலகக் கோப்பைத் தொடரை வென்றார். ஆகவே இது கிறுக்குத்தனம் என்று சொல்பவர்கள் கொஞ்சம் பொறுக்க.

பின்பக்கத்தை முதலில் முடித்துவிடலாம், அது சுலபம். ஃப்ரீஹப்பை (கேசட் உட்காரும், உள்ளேயே ஃப்ரீவீல் உள்ள பகுதியை) வெல்டிங் வைத்துப் பூட்டாதீர்கள். உள்ளே இருக்கும் கடினப்படுத்திய இரும்பு சூட்டில் பதம் இழக்கும், பேரிங் கிரீஸ் வெந்துபோகும், உடல் அலுமினியமாக இருந்தால் வெல்டிங் பிடிக்கவே பிடிக்காது. இதெல்லாம் நடக்காவிட்டாலும், சிக்கினால் வழுக்க வழி இருக்காது. ஃப்ரீஹப்புக்குள் கெட்டியான கிரீஸை அடைத்து விறைப்பாக்குவது அதைவிட மோசம்: உள்ளே ஸ்பிரிங்கில் நிற்கும் நாக்குகள் கிரீஸில் ஒட்டிக்கொண்டு முழுசாக எழும்பாது, நின்று அழுத்தி மிதிக்கும் நேரத்தில் நழுவும், முகம் ஹேண்டில்பாரில் போய் மோதும்.

சரியான பொருள் சாதாரண நைலான் கேபிள் டை. சிரிக்காதீர்கள். மிதிக்கும்போது உங்கள் பலத்தைத் தாங்குவது வழக்கம்போல ஃப்ரீஹப் நாக்குகள்தான். டைக்கு அதில் பங்கே இல்லை. உருளும்போது செயினை இழுத்துச் சுற்றும் சின்ன வேலை மட்டும்தான் அதற்கு. 2.5 மி.மீ. அகல டை ஒன்று சுமார் 8 கிலோ தாங்கும். மூன்று டை, 120 டிகிரி இடைவெளியில் போதும். 4.8 மி.மீ. டை 22 கிலோ தாங்கும், அது வேண்டாம்; இந்த இடத்தில் தேவைப்படுவது அறுந்துபோகக்கூடிய பொருள். கேசட்டின் மையத்திலிருந்து 6 செ.மீ. தூரத்தில் கட்டிய டை, 11 பல் சக்கரத்தில் செயின் இழுக்கும்போது ஏறக்குறைய மூன்று மடங்கு இழுவையைத் தாங்கும், ஏனென்றால் அந்தப் பல்சக்கரத்தின் ஆரம் 2.2 செ.மீ. மட்டுமே. இன்னும் ஒன்று போட்டால் பலமாக இருக்குமே என்று நான்காவதைத் தேடாதீர்கள்.

கட்டும் முறையில்தான் பலரும் கோட்டை விடுவார்கள். முதலில் பெரிய பல்சக்கரத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் தட்டு இருந்தால் கழற்றிவிடுங்கள். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு கேசட்டை முன்னோக்கிச் சுற்றி, நாக்குகள் கடித்து நிற்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். அந்த நிலையிலேயே கட்ட வேண்டும். கேசட் பின்தங்கத்தான் பார்க்கும், ஆகவே டை கேசட்டிலிருந்து சுழலும் திசையில் முன்னால் இருக்கும் ஸ்போக்குக்குப் போக வேண்டும். 36 கடி (ஒரு சுற்றில் நாக்குகள் பூட்டும் இடங்கள்) கொண்ட ஹப்பில் ஒவ்வொரு கடிக்கும் 10 டிகிரி; தளர்வாகக் கட்டினால் மிதிப்பதற்கும் உருள்வதற்கும் மாறும் ஒவ்வொரு முறையும் அந்த 10 டிகிரி ஆடி "டொக்" என்று தட்டும், டை சீக்கிரம் களைத்து அறும். டையைப் பெரிய பல்சக்கரத்தின் கைகளிலோ துளைகளிலோ, பற்களிலிருந்து நன்றாக உள்ளே தள்ளிக் கட்டுங்கள். பல் ஓரத்தில் கட்டினால், மிகச் சுலபமான கியரில் டீரெய்லர் கூண்டின் (செயின் சுற்றிப் போகும் இரண்டு சிறு உருளைகளைத் தாங்கும் பகுதியின்) உள்தகடு அங்கேதான் வந்து நிற்கும். டையின் தலை ஒவ்வொரு சுற்றுக்கும் அதில் இடிக்கும்.

இப்போது முன்பக்கம். டிரயல்ஸ் (தடைகள் மேல் தாவி ஓட்டும் போட்டி) சைக்கிள் கிராங்கில் வலது கையின் உட்புறத்தில் ஃப்ரீவீல் மரை இருக்கும். சாதாரணமாக ஃப்ரீவீலில் வெளிப்பல் உள்ளுடலைத் தள்ளுகிறது. கிராங்கில் உள்ளுடல் வெளிப்பல்லைத் தள்ள வேண்டும். அதனால்தான் ஃப்ரீவீலைத் திருப்பி, கழற்றும் காடி ஃப்ரேமைப் பார்க்கும்படி மாட்டுகிறார்கள். வழக்கமான வலமரைதான், மிதிக்க மிதிக்க இறுகும். பழைய கிராங்கின் வெளிப்பக்கத்தில் மரை வைத்து ஒட்டினால் முன்னால் மிதிக்கும்போது வெறுமனே சுற்றும், பின்னால் மிதிக்கும்போது கடிக்கும். மரையில் கிரீஸ் தடவாமல் மாட்டினால் கழற்றவே முடியாது.

ஃப்ரீவீலில் கடிகளின் எண்ணிக்கை இங்கே முன்பைவிட முக்கியம். பின்னால் 10 டிகிரி வெற்று அசைவு இருந்தால் 32-க்கு 11 கியரில் காலுக்கு அது மூன்றரை டிகிரியாகத்தான் தெரியும். முன்னால் வைத்தால் எந்தக் கியரிலும் அப்படியே காலுக்கு வரும். 18 கடி கொண்ட மலிவு ஃப்ரீவீலில் 20 டிகிரி வெற்று மிதி. ஏற்றத்தில் எரிச்சல் மூட்டும். 72 கடி என்றால் 5 டிகிரி. பலமும் கவனிக்க வேண்டும்: 80 கிலோ ஆள் 175 மி.மீ. கிராங்கில் எழுந்து நின்றாலே 137 நியூட்டன் மீட்டர். டிரயல்ஸுக்கென்று செய்த ஃப்ரீவீல் இதைத் தாங்கும். குழந்தை சைக்கிள் ஃப்ரீவீலை எடுத்து வைக்காதீர்கள்.

குறை என்னவென்றால் டிரயல்ஸ் ஃப்ரீவீல் பெரும்பாலும் 16, 18 பல்தான். 18-க்கு 11 கியரில், 29 அங்குலச் சக்கரத்தில், நிமிடத்துக்கு 90 மிதி மிதித்தாலும் மணிக்கு 20 கி.மீ.தான் வரும். இறக்கத்தில் உருளவும் ஏற்றத்தில் மிதிக்கவும் மட்டும் பயன்படுத்துபவருக்கு இது போதும். சமதளத்திலும் ஓட்டுபவர், நடுமோட்டார் மாற்றுக் கருவிகளுக்கு (சாதாரண சைக்கிளில் கிராங்க் அருகே மோட்டார் பூட்டும் தொகுப்புகளுக்கு) விற்கும் ஃப்ரீவீல் கிராங்கை வாங்கலாம். அதில் போல்ட் போட்டு வழக்கமான அளவு செயின்ரிங் (முன் பல்சக்கரம்) மாட்ட இடம் இருக்கும்.

செயின் விஷயத்தில் 8 அல்லது 9 கியரோடு நில்லுங்கள். 3/32 அங்குலப் பல் கொண்ட ஃப்ரீவீலும் 8 கியர் செயினும் ஒத்துப்போகும். 1/8 அங்குலப் பல்லில் டீரெய்லர் செயின் உட்காரவே உட்காராது. 12 கியர் செயினின் உள் இடைவெளி குறைவு, தடித்த பல்லில் சிக்கும்.

ஆரம்பத்தில் முன்பக்கம் என்றேனே, அது இதுதான். மிதிக்கும்போது செயினின் மேல் ஓட்டம் இறுகும், கீழ் ஓட்டத்தின் தொய்வை டீரெய்லர் கூண்டு வாங்கிக்கொள்ளும். உருளும்போது எல்லாம் தலைகீழ். கேசட் கீழ் ஓட்டத்தைப் பின்னோக்கி இழுக்கும், மேல் ஓட்டத்தை முன்னோக்கித் தள்ளும். செயினைத் தள்ள முடியாது அல்லவா? முன் ஃப்ரீவீல் கொஞ்சம் விறைப்பாக இருந்தால் கீழ் ஓட்டம் இறுகி டீரெய்லர் கூண்டை முன்னால் இழுத்துவிடும், மேல் ஓட்டம் தொங்கும், செயின்ரிங்கை விட்டு விழும். பின்னால் எவ்வளவு பக்குவமாகக் கட்டினாலும் இதற்கு அது மருந்தில்லை.

சோதனை: சைக்கிளை ஸ்டாண்டில் ஏற்றி, கிராங்கைப் பிடித்துக்கொண்டு பின்சக்கரத்தைச் சுழற்றுங்கள். மேல் ஓட்டம் தொங்கினால் வெளியே எடுத்துப் போகாதீர்கள். அளந்து பார்க்க, பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். கீழ் ஓட்டத்தைக் கொக்கியில் மாட்டி முன்னோக்கி இழுத்து, டீரெய்லர் கூண்டு நகரத் தொடங்கும் எடையைக் குறியுங்கள். பிறகு முன் ஃப்ரீவீல் பல்லில் நூலைச் சுற்றி இழுத்து அது சுழலத் தொடங்கும் எடையைப் பாருங்கள். இது அதில் பாதிக்கும் கீழே இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் ஃப்ரீவீலில் உள்ள கிரீஸைக் கழுவி மெல்லிய எண்ணெய் விடுங்கள். கிளட்ச் உள்ள டீரெய்லர் இருந்தால் நல்லது, கூண்டு அவ்வளவு எளிதில் முன்னால் வராது. செயின்ரிங்குக்கு மேலே வழிகாட்டி கட்டாயம். கீழே அழுத்தும் உருளை வேண்டாம், அது இழுவையைக் கூட்டும்.

செயின் நேர்கோட்டைக் கிராங்க் அச்சின் நீளத்தால் சரிசெய்யலாம்: சதுர அச்சு 4 மி.மீ. நீண்டால் வலப்பக்கம் 2 மி.மீ. வெளியே வரும். இதுவும் மரையுள்ள பழைய அடிப்பெட்டி (கிராங்க் அச்சு உட்காரும் இடம்) கொண்ட ஃப்ரேமில்தான் நிம்மதியாக நடக்கும். இங்கே என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்கிறேன். 1.37 அங்குலம், 24 மரை என்ற அளவு எல்லாரிடமும் இருந்தது, கருவியும் எல்லாரிடமும் இருந்தது. அதை விட்டுவிட்டு பி.பி.30, பி.எஃப்.30, பி.பி.92 என்று அழுத்திச் செருகும் வகைகளாக இறக்கினார்கள், எல்லாம் கிறீச்சிட்டது, கடைசியில் டி47 என்று மறுபடி மரைக்கே வந்து சேர்ந்தார்கள். நடுவில் ஃப்ரேம் வாங்கியவன் தலையில்தான் எல்லாச் செலவும். சொந்தமாக ஏதாவது செய்து பார்ப்பவர்களை ஒழிக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

ஓட்டும்போது நினைவில் வைக்க வேண்டியவை. 29 அங்குலச் சக்கரம் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு சுமார் 360 முறை சுற்றும். 11 பல்லில் இருந்தால் செயின் வினாடிக்கு 0.84 மீட்டர் ஓடும். 42 பல்லில் இருந்தால் 3.2 மீட்டர், செயின் சாட்டையாக அடிக்கும். ஆகவே வேக இறக்கத்தில் சின்னப் பல்லிலேயே இருங்கள், பிரேக் பிடித்து வேகம் குறைந்த பிறகு ஒவ்வொரு கிளிக்காக மேலே ஏற்றுங்கள். ஆனால் பின்சக்கரம் பூட்டிச் சறுக்கும்போது லீவரைத் தொடாதீர்கள். அப்போது செயினும் நின்றிருக்கும்; பிரேக்கை விட்டதும் மூன்று கியர் ஒரே நேரத்தில் ஏற முயன்று செயின் முறுக்கிக்கொள்ளும். கால் அசையாவிட்டாலும் செயின்ரிங் சுற்றிக்கொண்டே இருக்கும், ஷூ நாடாவை உள்ளே செருகிவிடுங்கள், செயின்ரிங்குக்கு வெளித்தகடு போடுங்கள். செயினும் பற்களும் ஓயாமல் ஓடுவதால் சீக்கிரம் தேயும், இதற்கு மாற்று இல்லை.

இவ்வளவு எதற்கு, ரோலாஃப் ஹப்போ (பின்சக்கர ஹப்புக்குள்ளேயே கியர்கள்) பினியன் கியர்பெட்டியோ (கிராங்க் இருக்கும் இடத்தில் கியர்கள்) வாங்கலாமே என்பவர்களுக்கு: நிச்சயம் வாங்கலாம், நின்ற இடத்திலேயே கியர் மாறும். ரோலாஃபில் 14 கியர், 526 சதவீத வீச்சு. ஹப்பின் எடை முழுக்கப் பின்சக்கரத்தில் உட்காரும், பினியனுக்கு அதற்கென்றே செய்த ஃப்ரேம் வேண்டும். கேள்வி வீட்டில் செய்வதைப் பற்றியது என்பதால் அதற்குள் போகவில்லை.

டை அறுந்தால் பயப்பட ஒன்றுமில்லை. முன்னும் பின்னும் ஃப்ரீவீல் உள்ள சைக்கிளாகிவிடும், மிதித்தால் வழக்கம்போல ஓடும், உருளும்போது கியர் மட்டும் மாறாது. புது டை கட்டுவதற்கு முன் எங்கே அறுந்தது என்று பாருங்கள். தலைப்பக்கத்தில் அறுந்திருந்தால் தளர்வாகக் கட்டியிருக்கிறீர்கள். நடுவில் இழுபட்டு அறுந்திருந்தால் செயினில் ஏதோ சிக்கியிருக்கிறது. டீரெய்லர் தொங்கும் கொக்கி வளைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.