தோட்டம் பார்க்கப் பணம் கட்டினால் கடையில் நிறுத்துகிறார்கள்

ஜப்பானின் கனாசாவா நகரத்தில் வழிகாட்டியோடு நடந்து தோட்டங்களையும் கைவினைப் பட்டறைகளையும் பார்க்கும் சுற்றுகளைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றைச் சுருக்கி இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இணையத்தில் "தோட்டமும் கைவினையும், 4 மணி நேரம்" என்று போட்டிருந்ததை நம்பி, எனக்கும் என் மனைவிக்குமாக 24,000 யென் கட்டினோம். கென்ரோக்குவென் தோட்டத்தில் இருந்தது 35 நிமிடம். நுழைவுக் கட்டணத்தையும் எங்களிடமே வாங்கினார்கள். தங்க ரேக்குக் கடை ஒன்றில் 50 நிமிடம், அப்புறம் இன்னொரு கடை. பட்டறை என்று எதுவும் காட்டவில்லை. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? (கோவை)

பதில்: கேட்கலாம். கேட்க வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

முழுத் தொகையையும் கேட்டால், "நடந்தீர்கள், பார்த்தீர்கள், இப்போது என்ன?" என்று கையை விரிப்பார்கள். அதனால் கிடைக்காததற்கு மட்டும் கேளுங்கள். பட்டறை காட்டுவதாகப் போட்டிருந்த பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு அது மாறிவிடலாம். உங்கள் போனில் எடுத்த ஒவ்வொரு படத்திலும் நேரம் இருக்கும். தோட்டத்தில் எடுத்த முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவே எவ்வளவு நேரம், கடையில் எவ்வளவு நேரம் என்று அதை வைத்தே எழுதி, பதிவு செய்த தளத்துக்கு அனுப்புங்கள். அவர்கள் மழுப்பினால், கார்டில் கட்டிய பணம் என்றால் வங்கியிடம் போங்கள். சொன்ன சேவை சொன்னபடி கிடைக்கவில்லை என்று முறையிட வழி இருக்கிறது. இன்னும் ஜப்பானிலேயே இருப்பவர்களுக்கு ஒரு தகவல். அந்நாட்டின் தேசிய நுகர்வோர் விவகார மையம் வெளிநாட்டுப் பயணிகளுக்கென்றே 2018 டிசம்பரிலிருந்து ஒரு தொலைபேசி உதவி நடத்துகிறது. ஆங்கிலத்தில் பேசலாம்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு மட்டுமல்ல, இப்படி நடை விற்கிறவர்களுக்கும்தான். கென்ரோக்குவென் 35 நிமிடத்தில் பார்க்கும் இடமா? சுமார் 11 ஹெக்டேர். இந்தப் பகுதியை ஆண்ட மாயேதா பிரபுக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்தது, 1874இல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஓகாயாமாவின் கோராக்குவென், மிட்டோவின் காய்ராக்குவென் இரண்டோடும் சேர்த்து ஜப்பானின் மூன்று பெருந்தோட்டங்களில் ஒன்று என்பார்கள். பெயருக்கே "ஆறு குணமும் சேர்ந்த தோட்டம்" என்றுதான் பொருள். விரிவு, ஒதுக்கம், மனிதக் கைவேலை, பழமை, நீர், தொலைநோக்கு என்று ஆறு குணங்கள். விரிந்த இடத்தில் ஒதுக்கம் கிடைக்காது, கைவேலை மிகுந்தால் பழமை போய்விடும், நீர் தேங்குவது தாழ்வில், தொலைவு தெரிவது மேட்டில். ஒன்றோடொன்று சேராதவற்றை இங்கே சேர்த்திருக்கிறார்கள். நடந்தால்தான் அது புரியும். அவசரமாக இழுத்துக்கொண்டு போனால், ஒரு கால் தண்ணீரிலும் ஒரு கால் கரையிலுமாக நிற்கும் கோத்தோஜி கல்விளக்கின் முன் ஒரு படம். அவ்வளவுதான் கிடைக்கும்.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்றாவது உங்கள் வழிகாட்டி சொன்னாரா? 1631இல் பெரிய தீ விபத்து. அடுத்த ஆண்டே தட்சுமி கால்வாய் வெட்டி, சாய் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து பத்து கிலோமீட்டருக்கும் மேல் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். அது இன்றைக்கும் தோட்டத்துக்குள் ஓடுகிறது. கசுமிகா குளத்துக்குக் கீழே ஒரு நீரூற்று இருக்கிறது, ஜப்பானிலேயே மிகப் பழையது என்கிறார்கள். பம்பு கிடையாது. குளத்தின் மட்டம் மேலே, ஊற்று கீழே. அந்த வித்தியாசமே தண்ணீரைத் தூக்கியடிக்கிறது. குளத்தின் மட்டம் மாறினால் ஊற்றின் உயரமும் மாறும். இதைக் கேட்டுக்கொண்டு பத்து நிமிடம் அங்கே நின்றால், ஒரு நகரம் தண்ணீரை எப்படி நேசித்தது என்று தெரியும்.

நவம்பர் 1ஆம் தேதி போனால் கராசாக்கி பைன் மரத்துக்குக் கயிறு கட்டத் தொடங்குவதைப் பார்க்கலாம். ஐந்து கம்பங்களை நட்டு, உச்சியிலிருந்து சுமார் 800 கயிறுகளைக் கூடாரம் மாதிரி இறக்கி, ஒவ்வொரு கிளையையும் தூக்கிக் கட்டுகிறார்கள். அந்த ஊர்ப் பனி ஈரப்பனி, கனம் அதிகம், கிளை முறிந்துவிடும். வேறு நாட்களில் போனால், பாசிமேல் முட்டி போட்டு உட்கார்ந்து, விரல் நுனியால் களை பிடுங்கும் பணியாளர்களைப் பார்க்கலாம். இதுவும் கைவினைதான். கடைக்குள் கூட்டிப்போய்க் காட்டும் எதையும்விட இது பெரிது என்பேன்.

ஆகவே பணம் கட்டும் முன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: தோட்டத்தில் எத்தனை நிமிடம், எத்தனை கடையில் நிற்போம், பட்டறையில் வேலை நடக்கும்போது பார்ப்போமா அல்லது விற்பனைக் கூடம் மட்டுமா, நுழைவுச் சீட்டு யார் செலவு. தோட்டத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் தராத நடையை எடுக்க வேண்டாம். தோட்டத்திலிருந்து, பழைய தேநீர் விடுதிகள் இருக்கும் ஹிகாஷி சாயா தெருவுக்கு நடக்கவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். நான்கு மணி நேரத்தில் ஐந்தாறு இடம் என்று போட்டிருந்தால் கணக்கு உதைக்கிறது.

கேள்வி: கடைகளில் பேரம் பேசலாமா? (திருப்பூர்)

பதில்: வேண்டாம். போட்ட விலைதான் விலை.

கேள்வி: எங்களுக்கு வந்த வழிகாட்டியிடம் உரிமம் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. இது மோசடிதானே? (சென்னை)

பதில்: உரிமம் இல்லாததால் மட்டும் மோசடி ஆகாது. காசு வாங்கி வழிகாட்ட அரசு உரிமம் கட்டாயம் என்ற விதியை 2018 ஜனவரியில் தளர்த்திவிட்டார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் வழிகாட்டலாம், ஆனால் அரசு உரிமம் பெற்றவர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. உங்கள் பதிவுப் பக்கத்தில் "உரிமம் பெற்ற வழிகாட்டி" என்று எழுதியிருந்ததா என்று பாருங்கள். எழுதியிருந்தால் அது பொய், விடாதீர்கள். தேர்வு எழுதி உரிமம் வாங்கியவர்கள் பதிவு அட்டையைக் கையிலேயே வைத்திருப்பார்கள், கேட்டால் காட்டுவார்கள்.

கேள்வி: அரக்குக் கிண்ணம் இரண்டு வாங்கி வந்தோம். ஒன்று மைக்ரோவேவில் வைத்ததும் மேல்பூச்சு கொப்பளித்துவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (மதுரை)

பதில்: கடைக்காரர் ஏமாற்றவில்லை அம்மா. கிண்ணத்தோடு வந்த சீட்டை நீங்கள் படிக்கவில்லை. அசல் உருஷி அரக்கு ஆனாலும் சரி, பிளாஸ்டிக் ஆனாலும் சரி, வாங்கும்போதே மைக்ரோவேவில் வைக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பொன்பூச்சு உள்ள குதானி பீங்கானையும் வைக்காதீர்கள், பொறி பறக்கும்.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்கிறேன், எல்லோருக்கும் பயன்படும். ஜப்பானில் வீட்டு உபயோகப் பொருட்களின் தரக்குறிப்புக்கென்றே 1962இல் வந்த சட்டம் இருக்கிறது. அரக்குப் பாத்திரம் என்றால் மேல்பூச்சு என்ன, உள்ளே இருப்பது என்ன என்று இரண்டையும் சீட்டில் எழுத வேண்டும். மேல்பூச்சு "உருஷி" என்றிருந்தால் மரத்தில் வடித்த அசல் அரக்கு. "கஷ்யூ" என்றிருந்தால் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயில் செய்த பூச்சு. பண்ருட்டிப் பக்கம் உள்ளவர்களுக்கு அந்த எண்ணெய் புதிதல்ல. "உரேதான்" என்றால் ரசாயனப் பூச்சு. உள்ளே இருப்பதிலும் வேறுபாடு உண்டு: முழு மரம், மரத்தூளைப் பிசினோடு சேர்த்து அச்சில் வார்த்தது, வெறும் பிளாஸ்டிக். மரத்தூள் வகைக்கு "இயற்கை மரத்தில் பதப்படுத்தியது" என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்து மயங்காதீர்கள். போன் கேமராவில் மொழிபெயர்ப்பைத் திறந்து சீட்டின்மேல் பிடித்தால் போதும், அரை நிமிட வேலை.

அந்த அரை நிமிடத்தை நானும் ஒருமுறை செலவழிக்கவில்லை. முதல் பயணத்தில், என்னைக் கூட்டிப்போன நடை கடைசியாக நின்ற கடையில், கறுப்பில் பொன்தூள் தெளித்த சூப் கிண்ணம் ஒன்றை 9,000 யென் கொடுத்து வாங்கினேன். வழிகாட்டி "பாரம்பரியக் கைவேலை" என்றார், நம்பினேன். ஊருக்கு வந்து சீட்டைப் படித்தால் பிளாஸ்டிக், மேலே உரேதான். சீட்டில் ஒரு பொய்யும் இல்லை. பொய் சொன்னது என்னைக் கூட்டிப்போனவர். அந்தக் கிண்ணம் இன்னும் என் மேசையில் இருக்கிறது, யார் ஜப்பான் போனாலும் எடுத்துக் காட்டுகிறேன்.

கேள்வி: தஞ்சாவூர் ஓவியம் வரைகிறேன். கனாசாவா ரேக்கு வாங்கி வரலாமா? விலை ஏன் இவ்வளவு? (தஞ்சாவூர்)

பதில்: நல்ல கேள்வி. ஜப்பானின் தங்க ரேக்கு ஏறக்குறைய முழுவதும், 99 சதவீதம், இந்த ஒரு ஊரில்தான் ஆகிறது. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. வழக்கமான ஏடு 10.9 செ.மீ. சதுரம். கணக்குப் போட்டால் ஒரு கிராம் தங்கத்தில் நாற்பது ஏட்டுக்கு மேல் வரும். அதனால் நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு கூலிதான், அது நியாயமான கூலி.

இரண்டு வகை உண்டு. பழைய முறையான "என்ட்சுக்கே"யில், கையால் செய்த தாளைச் சாம்பல் நீரிலும் பனிச்சைக்காய் இனத்து "காக்கி" என்ற மரத்தின் காய்ச் சாற்றிலும் முட்டையிலும் நனைத்துப் பதப்படுத்தி, அந்தத் தாளுக்கு நடுவே வைத்துத் தங்கத்தை அடிக்கிறார்கள். தாளைத் தயார் செய்வதே பாதி வேலை. பிறகு ஒவ்வோர் ஏட்டையும் மூங்கில் கத்தியால் தனித்தனியாகச் சதுரமாக்குகிறார்கள். 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது இந்த முறை. மற்றது "தச்சிகிரி", நூற்றுக்கணக்கான ஏடுகளை அடுக்கி ஒரே வெட்டாக வெட்டுவது, பளபளப்பு அதிகம், விலை குறைவு. எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். கையால் தொட முடியாது, விரலில் ஒட்டிக் கரைந்த மாதிரி போய்விடும். உங்கள் கை பழகிய ரேக்கு மாதிரி நடந்துகொள்ளுமா என்று முதலில் சில ஏடு வாங்கிப் பாருங்கள், கட்டுக்கட்டாக வாங்க வேண்டாம். ஓர் ஏட்டை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொல்லுங்கள். தங்கத்தின் வழியே விளக்கு பச்சையும் நீலமுமாகத் தெரியும். முதல்முறை பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

கேள்வி: "காகா யூசென்" பட்டுக் கைக்குட்டை 3,000 யெனுக்கு வாங்கினேன். கையால் வரைந்ததுதானே? (சேலம்)

பதில்: இருக்காது. அச்சடித்ததாகத்தான் இருக்கும். காகா யூசென் என்பது கனாசாவாவின் பட்டுச் சாயக் கைவேலை. அசலில், தண்ணீர் பட்டால் மறையும் நீலப் பூச்சாற்றில் கோடு வரைந்து, அதன்மேல் பசையரிசிப் பசையை நூல்போல இழுத்து, உள்ளே தூரிகையால் சாயம் வைக்கிறார்கள். கழுவினதும் பசை போன இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு நிற்கும். நிறம் ஓரத்திலிருந்து உள்நோக்கி மங்கும். இலையில் பூச்சி அரித்த ஓட்டையைக்கூட வரைந்திருப்பார்கள். கிமோனோத் துணி என்றால் ஓவியரின் முத்திரையும் கூட்டுறவுச் சங்கத்தின் சான்றுச் சீட்டும் இருக்கும், விலை லட்சக்கணக்கான யென். பட்டின் தரத்தில் உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. கைக்குட்டை அழகாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழம்பொருள் கடையில் யானைத் தந்தத்தில் செதுக்கிய சின்ன பொம்மை வாங்கலாமா? (திருச்சி)

பதில்: வாங்காதீர்கள். ஜப்பானுக்குள் விற்பது சட்டப்படி நடக்கிறது. அங்கிருந்து வெளியே எடுத்து வருவதும் இந்தியாவுக்குள் கொண்டுவருவதும் குற்றம். கடைக்காரர் இதைச் சொல்லாமலே விற்றுவிடலாம்.

கேள்வி: அப்பாவுக்கு 72, அம்மாவுக்கு 68. செலவில்லாமல் தோட்டம் காட்ட வழி உண்டா? (நாகர்கோவில்)

பதில்: உண்டு. கென்ரோக்குவென்னில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை, பாஸ்போர்ட்டைக் காட்டுங்கள். நான் கடைசியாகப் போனபோது மற்றவர்களுக்கு 320 யென். அதிகாலையில் எல்லோருக்குமே இலவசம், ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை 4 மணிக்கே திறந்துவிடுகிறார்கள். வழக்கமான நேரம் தொடங்கும் முன் வெளியே வந்துவிட வேண்டும். ஊரில் தன்னார்வ வழிகாட்டிகள் இருக்கிறார்கள், முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அவர்களுடைய பஸ் செலவையும் நுழைவுச் சீட்டையும் நீங்கள் கொடுப்பதுதான் மரியாதை. பாதை சரளைக்கல், மேடும் பள்ளமும் உண்டு, பிடிப்பான செருப்பு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: நோட்டோ நிலநடுக்கத்தில் பாதித்த வாஜிமா கைவினைஞர்களுக்கு உதவியாக அரக்குக் கிண்ணம் ஒன்று வாங்க ஆசை. எதைப் பார்த்து வாங்குவது? (புதுச்சேரி)

பதில்: உங்களுக்கு என் வணக்கம். 2024 ஜனவரி 1ஆம் தேதி, புத்தாண்டு நாளில், 7.6 அளவில் வந்த நிலநடுக்கம் அது. நோட்டோ தீபகற்பத்தில் அரக்கு வேலைக்குப் பெயர்போன ஊரான வாஜிமாவின் காலைச் சந்தைத் தெரு எரிந்தே போனது, எத்தனையோ பட்டறைகள் போயின. கனாசாவாவில் கைவினைப் பொருள் கடைகளில் வாஜிமா கிண்ணம் கிடைக்கும். அசல் வாஜிமா நூற்றுக்கும் மேற்பட்ட படிகளில் ஆவது. உடையும் இடங்களில் துணி ஒட்டி, சுட்டுப் பொடித்த அந்த ஊர் மண்ணை அரக்கில் குழைத்து அடிப்பூச்சு பூசுவார்கள். சீட்டில் உருஷி, முழு மரம் என்ற இரண்டும் இருக்கிறதா பாருங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற பாரம்பரியக் கைவினைக்கான முத்திரை ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். செய்த பட்டறையின் பெயரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பல ஆண்டு கழித்து விளிம்பு தேய்ந்தால், அதே பட்டறைக்கு அனுப்பி மறுபூச்சு போட்டு வாங்கலாம்.