டஸ்கனியின் குன்று ஊர்கள்: ஒரு நாள் பயணம் பற்றிக் கேள்வி பதில்

காலையில் இத்தாலியின் டஸ்கனி பகுதியில் உள்ள புளோரன்ஸிலிருந்து கிளம்பி, குன்றுகளின் மேல் இருக்கும் இடைக்கால ஊர்களைப் பார்த்துவிட்டு இரவு திரும்பும் வழிகாட்டிப் பயணம் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். சுற்றுலாக் குழுக்களோடு அந்தப் பாதையில் போய்வருவதுதான் என் பிழைப்பு. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். விசா பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் துறை இல்லை.

சியெனா, சான் ஜிமிஞானோ, பைசா மூன்றும் ஒரே நாளில் என்று விளம்பரம் வருகிறது. எடுக்கலாமா அக்கா?

வேண்டாம். புளோரன்ஸிலிருந்து சியெனா ஒன்றேகால் மணி நேரம், அங்கிருந்து சான் ஜிமிஞானோ ஏறக்குறைய ஒரு மணி நேரம், பிறகு பைசா ஒன்றரை மணி நேரம், திரும்ப இன்னொரு ஒன்றேகால். பகலில் ஐந்து மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். மிச்சத்தில் சாப்பாடு, கழிப்பறை, தொலைந்துபோன ஒருவரைத் தேடுவது எல்லாம் போக, ஊர் பார்க்க என்ன இருக்கும்? பைசா குன்று ஊரே அல்ல, சமவெளி ஊர். புளோரன்ஸிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்தான். சாய்ந்த கோபுரத்தை இன்னொரு நாள் அரை நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். சியெனாவும் சான் ஜிமிஞானோவும் மட்டும் இருந்தால் நல்ல பயணம். வழியில் மொந்தெரிஜ்ஜோனி சேர்ந்தால் பாதகமில்லை. அது 570 மீட்டர் சுற்றளவுள்ள மதிலுக்குள் ஒரே ஒரு சதுக்கம், அரை மணி நேரம் போதும். புளோரன்ஸ்காரர்களைக் கண்காணிக்க சியெனா 1210-களில் கட்டிய காவல் கோட்டை அது. மதிலின் 14 கோபுரங்களைப் பார்த்துத்தான் கவிஞர் தாந்தே தன் 'நரகம்' காவியத்தில் குழியைச் சுற்றி நிற்கும் அரக்கர்களை அவற்றுக்கு ஒப்பிட்டார்.

வழிகாட்டி இல்லாமல் நாங்களே போக முடியாதா?

சியெனாவுக்குத் தாராளமாகப் போகலாம். நேரடி பஸ் உண்டு, ஊருக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். ரயிலில் போனால் நிலையம் அடிவாரத்தில் இருக்கும், வரிசையாக நகரும் படிக்கட்டுகளில் ஏறி மேலே வர வேண்டும். சான் ஜிமிஞானோவுக்கு ரயில் கிடையாது. பொஜ்ஜிபோன்சியில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் குறைவு. இரண்டையும் ஒரே நாளில் சேர்க்க நினைத்தால்தான் பஸ் நேரம் பார்த்தே நாள் கழியும். அங்கேதான் வழிகாட்டிப் பயணத்துக்குக் கொடுக்கும் காசு நியாயமாகிறது. எட்டுப் பேர் போகும் சிறிய வேன் கிடைத்தால் அதை எடுங்கள். ஐம்பது பேர் பஸ் என்றால் ஒவ்வொரு முறை ஏறி இறங்கவும் இருபது நிமிடம் ஆகும்.

வாடகைக் கார் எடுத்தால்?

எடுக்கலாம். ஆனால் எந்த ஊரிலும் மதிலுக்குள் ஓட்டிப் போகாதீர்கள். உள்ளூர் வண்டிகளுக்கு மட்டும் அனுமதியுள்ள பகுதி அது, வாசலில் கேமரா படம் பிடித்துவிடும். அபராதச் சீட்டு நீங்கள் ஊர் திரும்பி இத்தாலியையே மறந்த பிறகு வாடகை நிறுவனம் வழியாக வரும்.

சான் ஜிமிஞானோவில் அவ்வளவு கோபுரங்கள் எதற்கு? கோவில் கோபுரங்களா, காவல் கோபுரங்களா?

இரண்டும் இல்லை. பெரும்பாலும் பணக்காரக் குடும்பங்களின் வீம்பு.

வடக்கிலிருந்து ரோமுக்குப் போகும் யாத்திரிகர்கள் நடந்த பிரான்சிஜேனாச் சாலை இந்த ஊர் வழியாகப் போனது. அவர்களால் வியாபாரம் வளர்ந்தது. மேலே குங்குமப்பூ வேறு. 1228-ல் ஊராட்சி தன் கடனில் ஒரு பகுதியைக் குங்குமப்பூவாகவே அடைத்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் வந்ததும் பகையும் வந்தது. போப்பின் கட்சி ஆர்திங்கெல்லி குடும்பம், பேரரசரின் கட்சி சால்வூச்சி குடும்பம். இரண்டும் ஆளுக்கு இரட்டைக் கோபுரம் எழுப்பின. 72 கோபுரங்கள் இருந்ததாகச் சொல்வது வழக்கம், இன்று நிற்பவை 14. போட்டி எல்லை மீறவே, 1255-ல் ஊராட்சி ஒரு சட்டம் போட்டது: 51 மீட்டர் உயரமுள்ள ரோஞோசா கோபுரத்தைவிட உயரமாகத் தனியார் யாரும் கட்டக்கூடாது. அந்தச் சட்டம் போட்ட ஊராட்சி பின்னாளில் தனக்கு மட்டும் 54 மீட்டரில் ஒன்று கட்டிக்கொண்டது. அதுதான் இன்று நீங்கள் டிக்கெட் வாங்கி ஏறும் பெரிய கோபுரம்.

சுவர்களில் சதுரமான ஓட்டைகள் வரிசையாகத் தெரியும். அவற்றில் மரச்சட்டங்களைச் செருகி, வெளிப்புறமாகப் பலகைத் தளங்களும் மரப்பாலங்களும் அமைத்தார்கள். கோபுரத்துக்குள் அறைகள் மிகக் குறுகல், சுவரே பாதி இடத்தைத் தின்றுவிடும். உங்கள் வழிகாட்டி அந்த ஓட்டைகளைக் காட்டாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

இதன் தொடர்ச்சியாக: மற்ற ஊர்களில் இடித்துவிட்டார்கள், இங்கே மட்டும் ஏன் நிற்கின்றன?

நல்ல கேள்வி. புளோரன்ஸிலும் ஒரு காலத்தில் இப்படிக் கோபுரக் காடுதான். அங்கே பணம் ஓயவில்லை. இடித்து இடித்து மாளிகை கட்டினார்கள். சான் ஜிமிஞானோவுக்கு 1348-ல் கொள்ளைநோய் வந்தது, மக்கள் தொகை சரிந்தது. 1353-ல் ஊர் தன்னைப் புளோரன்ஸிடம் ஒப்படைத்தது. யாத்திரைப் பாதையும் பள்ளத்தாக்குக்கு இறங்கிவிட்டது. புதிதாகக் கட்டக் காசு இல்லாததால் பழையது தப்பியது. 1990-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய அழகு, வறுமையால் பிழைத்த அழகு. வழிகாட்டிகள் இதைச் சொல்லத் தயங்குவார்கள், விளம்பரத்துக்கு ஒத்துவராது அல்லவா.

அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, அம்மாவுக்கு மூட்டுவலி. சமாளிப்பார்களா?

சிரமப்படுவார்கள் அம்மா, மழுப்பிச் சொல்ல விரும்பவில்லை. சுற்றுலா பஸ் எந்த ஊரிலும் மதிலுக்கு வெளியேதான் நிற்கும். மொந்தெரிஜ்ஜோனியில் நிறுத்துமிடத்திலிருந்து செங்குத்தான ஏற்றம். சான் ஜிமிஞானோவில் வாசலிலிருந்து சதுக்கம் வரை மெதுவான ஏற்றம், வழியெல்லாம் கடைகள் இருப்பதால் நின்று நின்று போகலாம். சியெனாதான் முழங்காலுக்கு எமன்: மூன்று குன்று முதுகுகளில் பரவிய ஊர், எந்தத் தெருவும் சமமாக இல்லை. ரோமில் தங்குவதாக இருந்தால் அவர்களை ஓர்வியெத்தோ என்ற குன்று ஊருக்குக் கூட்டிப் போங்கள். ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே கம்பிவட ரயில் ஏறினால் மேலே கொண்டுபோய் விடும். ஊர் உச்சி பெரும்பாலும் சமதளம். 1290-ல் தொடங்கிய பேராலயத்தின் முகப்பை எதிரே உட்கார்ந்தே ஒரு மணி நேரம் பார்க்கலாம்.

சைவச் சாப்பாடு?

பயப்பட வேண்டாம், ஆனால் முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். திராட்சைத் தோட்டத்தில் மதிய உணவு என்று போட்டிருந்தால் முதலில் வருவது பன்றி இறைச்சித் துண்டுகள் அடுக்கிய தட்டு. சொல்லாமல் போனால் உங்களுக்குப் பாலாடைக்கட்டியும் ரொட்டியும்தான். அந்த ரொட்டியில் உப்பு இருக்காது, டஸ்கனி வழக்கம் அது, சமையல்காரர் மறந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

உணவகத்தில் 'பீச்சி' என்ற தடித்த நூல் போன்ற பாஸ்தாவைத் தக்காளி, பூண்டு சாறுடன் கேளுங்கள். கைகளால் உருட்டியது, நம் நாக்குக்குப் பிடிக்கும். பீன்ஸும் கருங்கீரையும் பழைய ரொட்டியும் சேர்ந்த 'ரிபொல்லீத்தா' சூப் சைவம் போலத் தெரியும், இறைச்சிச் சாற்றில் வெந்ததா என்று கேட்டுவிடுங்கள். பர்மேசான் சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருள் சேர்க்கிறார்கள், கண்டிப்பான சைவர்கள் தவிர்க்க வேண்டும். பில்லில் ஆளுக்கு இரண்டு மூன்று யூரோ கூடுதலாக இருந்தால் ஏமாற்று அல்ல, மேசைக் கட்டணம்.

சியெனாவில் சுற்றிக்காட்டிய பிறகு ஒரு மணி நேரம் விடுவார்களாம். அதில் என்ன செய்வது? கடைத்தெருவா, கோபுரம் ஏறுவதா?

இரண்டும் வேண்டாம். சதுக்கத்தில் இருக்கும் மாஞ்ஞா கோபுரத்தில் சுமார் 400 படிகள், வரிசையிலேயே உங்கள் ஒரு மணி நேரம் கரைந்துவிடும். அதே கட்டடத்துக்குள், பொது மாளிகையின் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பெரும்பாலான ஒரு நாள் குழுக்கள் சதுக்கத்தில் நின்று அந்தக் கட்டடத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். எனக்கு இதில் தீராத ஆத்திரம்.

ஊரை ஆண்ட ஒன்பது பேர் கூடிய அறை அங்கே இருக்கிறது. நீங்கள் வெளியே பார்த்த சிப்பி வடிவச் சதுக்கத்தின் ஒன்பது பிரிவுகளும் அவர்கள் நினைவாகத்தான். அந்த அறையின் சுவர்களில் 1338–39-ல் அம்ப்ரோஜோ லோரென்சேத்தி தீட்டியது நல்லாட்சியும் கொடுங்கோன்மையும். சாமி படம் இல்லை, புனிதர் கதை இல்லை. ஆட்சி செய்பவர்கள் தலையைத் தூக்கினால் கண்ணில் படும்படி, நீ சரியாக ஆண்டால் ஊர் இப்படி, தவறினால் இப்படி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நல்லாட்சிப் பக்கத்தில் பெண்கள் கைகோத்து ஆடுகிறார்கள், ஓர் ஆசிரியர் பாடம் நடத்துகிறார், கொத்தர்கள் சாரத்தில் நின்று கட்டுகிறார்கள். ஊர் வாசலைத் தாண்டிப் பாருங்கள்: ஒருவர் பன்றியை ஊருக்குள் ஓட்டி வருகிறார், கறுப்பு உடம்பில் தோளைச் சுற்றி வெள்ளைப் பட்டை. அந்த இனத்தை டஸ்கனியில் இன்றும் வளர்க்கிறார்கள். கொடுங்கோன்மைப் பக்கம்தான் அதிகம் சிதைந்துவிட்டது. வரைந்து பத்து வருடத்துக்குள் கொள்ளைநோய் வந்தது.

அந்த நோயின் தழும்பு பேராலயத்துக்குப் பக்கத்திலும் உண்டு. கூரையில்லாமல் தனியாக ஒரு பெரிய சுவர் நிற்கும். இருக்கும் ஆலயத்தையே குறுக்கு மண்டபமாக்கி அதைவிடப் பெரியதைக் கட்ட 1339-ல் தொடங்கினார்கள், 1348-க்குப் பிறகு கைவிட்டார்கள்.

ஆகஸ்ட் 16-ல் குதிரைப் பந்தயமாம். அன்றைக்கே போகும்படி பதிவு செய்யவா?

அவசரப்படாதீர்கள். பாலியோ என்ற அந்த சியெனாப் பந்தயம் ஜூலை 2, ஆகஸ்ட் 16 என்று வருடத்துக்கு இரண்டு முறை. ஊரின் 17 பேட்டைகளில் 10 பேட்டைகளின் குதிரைகள் சேணம் இல்லாமல் சதுக்கத்தை மூன்று சுற்று ஓடும், ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஆள் விழுந்து குதிரை மட்டும் முதலில் வந்தாலும் வெற்றிதான். நடுவில் நிற்க டிக்கெட் இல்லை, ஆனால் வாசலை அடைத்த பிறகு மணிக்கணக்கில் வெயிலில், கழிப்பறை இல்லாமல் நிற்க வேண்டும். குழுவோடு இரவு திரும்ப வேண்டியவர்களுக்கு அது ஒத்துவராது. ஆகஸ்ட் 13 மாலை முதல் ஒத்திகை ஓட்டங்கள் நடக்கும். அந்த நாட்களில் போங்கள், சதுக்கத்தில் மண் கொட்டியிருக்கும், பேட்டைக்காரர்கள் பாடிக்கொண்டே வருவார்கள்.

உடை விஷயத்தில் ஏதாவது?

ஆலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். செருப்பைவிட ஷூ நல்லது, கல் தளம் வழுக்கும்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே, அக்டோபர். ஆனால் சியெனா பேராலயத்தின் பளிங்குத் தரை ஓவியங்களை வருடத்தின் பெரும்பகுதி மூடித்தான் வைத்திருப்பார்கள். கோடையின் பிற்பாதியிலிருந்து அக்டோபர் நடு வரை திறந்திருப்பது வழக்கம், தேதி வருடத்துக்கு வருடம் கொஞ்சம் மாறும். தரைக்காகவே போகிறீர்கள் என்றால் செப்டம்பர் கடைசி வாரம் பாருங்கள். வெயிலும் தணிந்திருக்கும், சுற்றி எங்கும் திராட்சை அறுவடை நடக்கும்.